வீட்டுக்கு வந்த வகுப்பு: இல்லம்சார் பயிற்சி பிறந்த கதை

கந்தர்வக்கோட்டை வட்டாரத்து ஊர்கள் முந்திரித் தோப்புக்கும் வானம் பார்த்த கொல்லைக்கும் நடுவே எட்ட எட்டக் கிடக்கின்றன. தஞ்சாவூர்–புதுக்கோட்டை சாலையில் பஸ்ஸுக்குக் குறைவில்லை. சாலையை விட்டு உள்ளே போனால் சொந்த வண்டிதான் துணை. அப்படி ஒரு ஸ்கூட்டரில், பையில் பந்தும் மணியும் படஅட்டைகளுமாக வட்டார வள மையத்துச் சிறப்பாசிரியர் வருகிறார். அவர் தேடி வருவது, பள்ளிப் பதிவேட்டில் பெயர் இருந்தும் வகுப்பில் வந்து உட்கார முடியாத பிள்ளையை. காரணம் மூளை முடக்குவாதமாக இருக்கலாம், பல குறைபாடுகள் ஒன்றாகச் சேர்ந்ததாகவும் இருக்கலாம். அரசுக் கோப்புகளில் இந்த வீட்டு வகுப்புக்கு ‘இல்லம்சார் பயிற்சி’ என்று பெயர்.

கல்வி வாசலுக்கு வருவது புதுக்கோட்டை மாவட்டத்துக்குப் புதிதல்ல. 1990-களின் தொடக்கத்தில் ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தபோது, அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தது. ஆனால் அந்த வகுப்பும் தெருவோடு நின்றது. திண்ணையைத் தாண்டித் தெருவுக்கு வர முடியாத பிள்ளைக்கு அது எட்டவில்லை.

வீட்டுக்கே போய்க் கற்பிக்கும் முறை உருப்பெற்ற ஊர்களில் முக்கியமானது அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் உள்ள போர்ட்டேஜ். அதுவும் பண்ணைகள் சூழ்ந்த நாட்டுப்புறம்தான். 1969-இல் அங்கே குறைபாடுள்ள சின்னஞ்சிறு பிள்ளைகளுக்கு வகுப்பு தொடங்க நினைத்தபோது, தூரம்தான் முதல் தடையாக வந்தது. பிள்ளைகள் ஆங்காங்கே சிதறியிருந்தார்கள். வயதும் வேறு, குறையும் வேறு. ஒரே அறையில் கூட்டி வைத்துச் சொல்லிக்கொடுக்க வழியில்லை. அதனால் ஆசிரியரை வீடுகளுக்கு அனுப்பினார்கள். வாரம் ஒருமுறை, சுமார் ஒன்றரை மணி நேரம். அந்த நேரத்தில் அவர் பிள்ளைக்குக் கற்பிப்பதோடு, எப்படிக் கற்பிப்பது என்று தாய்க்கும் காட்டிக்கொடுப்பார். மற்ற ஆறு நாளும் தாய்தான் டீச்சர். கேட்பதற்குச் சாதாரணமாக இருக்கும் இந்த ஏற்பாடுதான் பின்னால் பல நாடுகளுக்குப் பரவியது.

நம் பக்கத்தில் இதே தேவை வேறு வழியில் வந்து சேர்ந்தது. பொறியியல் மாணவரான எஸ்.ராமகிருஷ்ணன், 1975-இல் கடற்படைத் தேர்வின்போது விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். 1981-இல் தென்காசி அருகே ஆய்க்குடியில் அவர் தொடங்கிய அமர் சேவா சங்கம் நாளடைவில் தன் வளாகத்தோடு நிற்காமல், பணியாளர்களைக் கிராமத்து வீடுகளுக்கு அனுப்பிப் பயிற்சி தரத் தொடங்கியது. தமிழ்நாட்டில் இன்னும் பல தொண்டு நிறுவனங்கள் இந்த வழியில் நடந்தன.

அரசாங்கம் வந்த பாதை கொஞ்சம் சுற்று. மாற்றுத்திறனாளிப் பிள்ளைகள் ஊர்ப் பள்ளியிலேயே படிக்க உதவும் மத்திய அரசுத் திட்டம் 1974-இல் வந்தது. பள்ளி வரை வந்துவிடக்கூடிய பிள்ளைக்குத்தான் அதனால் பலன். 1995-இல் வந்த மாற்றுத்திறனாளிகள் சட்டம் 18 வயது வரை இலவசக் கல்வி என்றது. அனைவருக்கும் கல்வி இயக்கம் தொடங்கிய பிறகுதான் ‘எந்தப் பிள்ளையையும் திருப்பி அனுப்பாதே’ என்ற கொள்கை வட்டார அளவுக்கு இறங்கியது. சிறப்பாசிரியர்களும் இயன்முறை மருத்துவர்களும் வட்டார வள மையத்துக்கு வந்தார்கள். பள்ளிக்கு வரவே முடியாதவர்களை என்ன செய்வது என்ற கேள்விக்கு, வீட்டுக்குப் போவது பதிலானது.

வழக்கம் இப்படி முன்னே போக, சட்டம் பின்தங்கி நின்றது. 2009-இல் நிறைவேறிய கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தில் கடுமையான குறைபாடுள்ள பிள்ளைகளுக்குத் தெளிவான இடமில்லை. மாற்றுத்திறனாளி அமைப்புகள் விடாமல் குரல் கொடுத்தன. 2012-இல் வந்த திருத்தம், பல்வகைக் குறைபாடும் கடுமையான குறைபாடும் உள்ள பிள்ளைகள் வீட்டிலிருந்தே கல்வி பெறலாம் என்று உரிமை கொடுத்தது. தொண்டாக நடந்துவந்த வேலைக்கு அன்றுதான் சட்டத்தின் பலம் கிடைத்தது.

அந்த உரிமை ஒரு வீட்டுக்குள் எப்படி வேலை செய்கிறது? பெரும்பாலான தாய்மார்கள் முதலில் கேட்பது, “டீச்சர், இவன் எப்ப நடப்பான்?” என்பதைத்தான். அனுபவமுள்ள ஆசிரியர் அதற்குத் தேதி குறிப்பதில்லை. “அக்கா, இந்த வாரம் பனியனை அவனே கீழே இழுத்துவிடட்டும், போதும்” என்பார். பனியன் போடுவதைச் சின்னச் சின்னப் படிகளாகப் பிரித்துக்கொண்டு, கடைசிப் படியிலிருந்து தொடங்குவது ஒரு முறை. தலையையும் இரு கைகளையும் நுழைத்து, பனியனை நெஞ்சு வரை தாயே இறக்கிவிடுவார். மிச்சத்தை இடுப்பு வரை இழுப்பது மட்டும் பிள்ளையின் வேலை. வேலையை முடித்தவன் அவன் என்பதால் பாராட்டும் அவனுக்கே. அது கைவந்ததும் அதற்கு முந்தின படி: நெஞ்சு வரை இறக்குவதையும் அவனே செய்வது. பிறகு, வலது கையை அவனே நுழைப்பது. இப்படிப் பின்னாலிருந்து முன்னே வந்தால், ஒருநாள் பனியனைக் கையில் கொடுத்தாலே போதும். ஒரு வாரத்தில் எட்டக்கூடியதை மட்டும் இலக்காக வைப்பது போர்ட்டேஜ் ஆசிரியர்கள் கடைப்பிடித்த விதி.

ஆனால் நூறு நாள் வேலைக்கோ முந்திரிக்கொட்டை உடைக்கவோ போனால்தான் அடுப்பெரியும் வீட்டில், ‘மற்ற ஆறு நாளும் தாய்தான் டீச்சர்’ என்பது எளிதாக நடக்காது. அங்கே பயிற்சி பாட்டியின் கைக்கோ அக்காவின் கைக்கோ போகிறது. சில வீடுகளில் நின்றே போகிறது. ஆகவே ஆசிரியர் அடிக்கடி வருவது முக்கியம். அதற்குப் போதிய ஆசிரியர்கள் வேண்டும். 2021-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டதைத் தொடர்ந்து, மத்திய அரசு 2022-இல் தொடக்கப் பள்ளி அளவில் 10 பிள்ளைகளுக்கு ஒருவர், நடுநிலை அளவில் 15 பேருக்கு ஒருவர் எனச் சிறப்பாசிரியர் விகிதத்தை அறிவித்தது. ஆனால் இங்கே சிறப்பாசிரியர்கள் இன்னமும் தொகுப்பூதியத்தில்தான் வண்டி ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. ‘வீட்டிலேயே சொல்லிக்கொடுக்கிறோமே’ என்பது, சாய்தளம் கட்டாமலும் துணையாள் வைக்காமலும் தப்பித்துக்கொள்ளும் பள்ளிக்குச் சாக்காகிவிடலாம். வீட்டிலிருந்து படிப்பதா, பள்ளிக்குப் போவதா என்று தீர்மானிக்கும் உரிமையை 2012-இன் திருத்தம் பிள்ளையின் பக்கம்தான் வைத்திருக்கிறது. 2016-இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் 18 வயது வரை பக்கத்துப் பள்ளியையோ சிறப்புப் பள்ளியையோ தேர்ந்தெடுக்கலாம் என்கிறது. முதுகைத் தாங்கும் நாற்காலியும், வந்துபோக வண்டியும், உடன்வர ஆளும் கிடைத்தால் பள்ளிக்கு வந்துவிடக்கூடிய பிள்ளையை வீட்டுப் பட்டியலில் வைத்திருப்பது, இந்தத் திட்டம் பிறந்த காரணத்துக்கே முரண். போக்குவரத்துப் படியும் உடன்வருபவர் படியும் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டமான சமக்ர சிக்ஷாவில் இருக்கின்றன. வீட்டுப் பட்டியலில் உள்ள ஒவ்வொரு பெயரையும் ஆண்டுதோறும் எடுத்து, ‘இந்தப் பிள்ளை பள்ளிக்கு வர இன்னும் என்ன வேண்டும்?’ என்று மருத்துவ மதிப்பீட்டு முகாமிலேயே கேட்டு எழுதிவிட்டால், பாதி வேலை முடிந்த மாதிரி.