மாமாவோட புல்லட்டும் என் வலது காலும்

"வண்டிய எடுத்துட்டுப் போ மாப்ள. ஆனா கால மாத்திப் போட்டுக்க" அப்படின்னு சொல்லித்தான் மாமா சாவியக் குடுத்தார். நான் அதை ஏதோ சபரிமலைக்குப் போறவனுக்குச் சொல்ற மாதிரி எடுத்துக்கிட்டேன். வலது காலை எடுத்து வச்சுப் போ, நல்லதே நடக்கும், அந்த ரகம்.

லைசென்ஸ் வாங்கி சரியா பதினொரு நாள். டிரைவிங் ஸ்கூல் ஸ்ப்ளெண்டர்ல '8' போட்டு, காலை ஊனாம முடிச்சு, ஆய்வாளர் தலையாட்டி, அட்டை வீட்டுக்கு வந்து பதினொரு நாள். கம்பம் பக்கத்துல மாமா ஊருக்கு லீவுக்குப் போயிருந்தேன். பாட்டிக்கு மாத்திரை வாங்கணும், ஆறு கிலோமீட்டர். திண்ணைக்குப் பக்கத்துல நின்னது 1984 மாடல் புல்லட். 346 சிசி, கறுப்பு, டேங்க்ல கோடு போட்டது. அதை ஓட்டணும்னு எனக்கு எட்டு வயசுலேர்ந்து ஆசை.

அன்னைக்கு நடந்ததச் சொல்றதுக்கு முன்னாடி ஒரு சின்ன வரலாறு சொல்லியே ஆகணும். ஏன்னா "கால மாத்திப் போட்டுக்க"ங்கறதுக்குப் பின்னாடி கிட்டத்தட்ட நூறு வருஷக் கதை இருக்கு. எனக்கு அது விழுந்து எந்திரிச்ச பிறகுதான் தெரிஞ்சது.

ஆரம்ப காலத்து மோட்டார் சைக்கிள்ல கியர் மாத்தறது கையாலதான். டேங்க் பக்கத்துல ஒரு கம்பி நீட்டிக்கிட்டு இருக்கும். ஓட்டிக்கிட்டே ஹேண்டில்ல இருந்து ஒரு கைய எடுத்து அதைத் தள்ளணும். 1920களோட கடைசியில வெலோசெட் கம்பெனியில ஹரால்ட் வில்லிஸ்ங்கற இஞ்சினியர் (பந்தயக்காரரும் கூட) காலால ஒரு தடவை மிதிச்சா ஒரே ஒரு கியர் மட்டும் மாறுற அமைப்பைக் கொண்டு வந்தார். எவ்வளவு வேகமா மிதிச்சாலும் ரெண்டு கியர் தாவாது. இன்னைக்கு நாம ஓட்டற எல்லா பைக்கும் அந்த யோசனையோட பேரப்பிள்ளைங்கதான்.

சரி, அந்தக் கால் எந்தக் கால்? பிரிட்டிஷ்காரன் வலது காலைத் தேர்ந்தெடுத்தான். இதுக்கு மத அர்த்தமெல்லாம் கிடையாது, சுத்தமான மெக்கானிக்கல் காரணம்தான். புல்லட்டை எடுத்துக்குங்க. எஞ்சின்லேர்ந்து கியர்பாக்ஸுக்குப் போற செயின் இடது பக்கம். கியர்பாக்ஸ்லேர்ந்து பின் சக்கரத்துக்குப் போற செயினும் இடது பக்கம். ஆக, கியர்பாக்ஸோட இடது பக்கம் முழுக்க செயின் அடைச்சுக்கிட்டு நிக்குது. காலியா இருக்கறது வலது பக்கம் மட்டும்தான். அதனால கிக்கரும் அங்கே, கியர் லீவரும் அங்கே. பின் பிரேக் டிரம் ஸ்ப்ராக்கெட்டோட சேர்ந்து இடது பக்கம் இருக்கறதால பிரேக் மிதியும் இடது பக்கம் வந்துடுச்சு. இதுக்கு மேல கியர் வரிசை வேற. முதல் கியர் மேல தூக்கணும், மத்த மூணும் கீழ மிதிக்கணும். இந்தக் கடைசி வரிய மனசுல வச்சுக்குங்க, பின்னாடி தேவைப்படும்.

மத்த நாட்டுக்காரங்க அவங்கவங்க வசதிக்கு வச்சாங்க. ஜப்பான்காரன் இடது காலுக்கு கியரையும் வலது காலுக்கு பிரேக்கையும் குடுத்தான். 1960கள்ல ஹோண்டா அமெரிக்காவுல கொட்ட ஆரம்பிச்சதும் அங்கே ஒரே ரோட்ல ரெண்டு விதமான வண்டி. கடைசியா அமெரிக்க அரசாங்கம் தலையிட்டு, 1974 செப்டம்பர் 1லேர்ந்து தயாராகற வண்டிகள்ல கியர் இடது கால், பின் பிரேக் வலது கால்னு சட்டமாவே போட்டுடுச்சு. ஓட்டுறவன் தடுமாறி விபத்தாகறதக் குறைக்கணும்ங்கறதுதான் அந்த விதியோட நோக்கம். ஏற்கனவே நொண்டிக்கிட்டிருந்த பிரிட்டிஷ் கம்பெனிகளுக்கு இது இன்னொரு தலைவலி. நார்ட்டனும் டிரையம்ஃபும் 1975ஐ ஒட்டி, வலது பக்கக் கியர்பாக்ஸ்லேர்ந்து குறுக்கே ஒரு ஷாஃப்ட் போட்டு இடது பக்கத்துக்குக் கொண்டு வந்தாங்க. வேலை நேரத்துல பழைய கோடுக்கு மேல நான் போடற ஒட்டு மாதிரிதான் எனக்கு அது தெரியுது.

நம்ம புல்லட் மட்டும் இதுல எதுலயும் சிக்கல. ஏன்னா அதுக்கு முன்னாடியே அது கப்பலேறி மெட்ராஸ் வந்துடுச்சு.

இங்கிலாந்துல ரெட்டிச்ங்கற ஊர்க் கம்பெனி ராயல் என்ஃபீல்ட். 1901லயே மோட்டார் சைக்கிள் செஞ்சவங்க. 'புல்லட்'ங்கற பேரு 1932லேர்ந்து இருக்கு. நாம பார்க்கற அந்த உருவம் 1940களோட கடைசியில வந்தது. சுதந்திரத்துக்கு அப்புறம் எல்லைக் காவலுக்கு இந்திய ராணுவத்துக்கு உறுதியான வண்டி தேவைப்பட்டப்ப 350 சிசி புல்லட்டைத் தேர்ந்தெடுத்தாங்க. இங்கே அதை இறக்குமதி செஞ்சது கே.ஆர். சுந்தரம் ஐயர் ஆரம்பிச்ச மெட்ராஸ் மோட்டார்ஸ். 1955ல ரெண்டு கம்பெனியும் சேர்ந்து என்ஃபீல்ட் இந்தியா ஆரம்பிச்சு, திருவொற்றியூர்ல ஃபேக்டரி வந்தது. 1956 முடியறதுக்குள்ள 163 வண்டிதான் செஞ்சாங்க. முதல்ல அங்கேர்ந்து வந்த பாகங்களைப் பூட்டறது, அப்புறம் அச்சு, மெஷின் எல்லாத்தையும் வாங்கி, 1962 வாக்குல முழு வண்டியும் இங்கேயே.

இதுக்கப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. 1967ல ரெட்டிச் ஃபேக்டரிய மூடிட்டாங்க. 1970ல இங்கிலாந்துல கம்பெனியே காலி. திருவொற்றியூர்க்காரங்க எதையும் மாத்தாம அதே வண்டியச் செஞ்சுக்கிட்டே இருந்தாங்க. 1977ல அதை இங்கிலாந்துக்கே ஏற்றுமதி பண்ண ஆரம்பிச்சாங்க! தாத்தா வித்த வீட்டை வாடகைக்கு எடுத்தவன், தாத்தா ஊருக்கே போய்ப் பேரனுக்குச் சாவிய நீட்டின கதை.

எழுபதுகள்ல நம்மூர் ரோட்டுல ஒவ்வொரு வண்டியும் ஒரு தினுசு. புல்லட்னா வலது கால்ல கியர். மைசூர்லேர்ந்து வந்த ஜாவா, யெஸ்டினா இடது கால்ல கியர், அதே லீவரைத் திருப்பினா அதுவே கிக்கர். லாம்பிரெட்டா, பஜாஜ் ஸ்கூட்டர்னா கியர் இடது கையில. அப்போ இரவல் வண்டி வாங்கறவன் முதல்ல கேக்கற கேள்வியே "கியர் எங்க?" தானாம். மாமா சொன்னார். 1984ல ஓசூர்லேர்ந்து இண்ட்-சுசுகி, 1985ல ஹீரோ ஹோண்டாவும் ஆர்எக்ஸ் 100ம்னு வரிசையா ஜப்பான் வண்டிகள் வந்ததும் அந்தக் கேள்வி செத்துப்போச்சு. எல்லாமே இடது கால். புல்லட் மட்டும் பிடிவாதமா வலதுலயே இருந்து, 2000கள்ல சில மாடல்கள்ல மாறி, 2010ஐ ஒட்டி புது எஞ்சின் வந்தப்போதான் ஒட்டுமொத்தமா இடதுக்கு வந்தது.

நான் லைசென்ஸ் வாங்கினது இதெல்லாம் முடிஞ்சு பல வருஷத்துக்கு அப்புறம். '8' போட்டவனுக்கு "கியர் எங்க?"ன்னு கேக்கணும்னே தெரியாது. லைசென்ஸ் அட்டையிலயும் கியர் உள்ள வண்டின்னுதான் இருக்கு. எந்தக் கால்னு இல்ல.

இப்ப அந்தக் காலை நேரத்துக்கு வர்றேன்.

ஸ்டார்ட் பண்றதே ஒரு பூஜை. சாவியப் போட்டு, ஆம்பியர் மீட்டர் முள் நடுவுக்கு வர்ற வரைக்கும் மெதுவா கிக்கரை அமுக்கி, டீகம்ப்ரெசரப் பிடிச்சு இன்னும் கொஞ்சம் தள்ளி, விட்டுட்டு, அப்புறம் ஒரே மிதி. மாமாதான் மிதிச்சார். நான் மிதிச்சிருந்தா கணுக்கால் போயிருக்கும். தெருமுனை வரைக்கும் கூடவே நடந்து வந்து, "இது கியர், இது பிரேக்கு"ன்னு ரெண்டு தடவை சொன்னார். நானும் தலையாட்டினேன். முதல் ரெண்டு தடவை கியர் மாத்தறதா நினைச்சு இடது காலை மிதிச்சு, பிரேக் பிடிச்சு, வண்டி ஆஃப் ஆச்சு. அதுக்கப்புறம் பிடிபட்டுடுச்சு. மூணு கிலோமீட்டர் ராஜா மாதிரி போனேன். ரெண்டு பக்கமும் திராட்சைத் தோட்டம், டுக்கு டுக்குன்னு சத்தம், எதிர்ல வந்த ஒரு பெரியவர் வண்டியப் பார்த்து மாமான்னு நினைச்சுக் கும்பிடு வேற போட்டார்.

பிரச்சனை என்னன்னா, யோசிச்சு ஓட்டற வரைக்கும் சரியாத்தான் ஓட்டுவோம். யோசிக்க நேரமில்லாதப்ப கால் தனக்குத் தெரிஞ்சதைத்தான் செய்யும்.

ஒரு வளைவுல ஆட்டு மந்தை குறுக்கே. எனக்கு முன்னாடி பால்கார அண்ணன் டிவிஎஸ் எக்ஸ்எல்ல ரெண்டு கேன் தொங்கவிட்டு நின்னுட்டார். நான் வலது காலை முழு பலத்தோட மிதிச்சேன். ரெண்டாவது கியர்ல போய்க்கிட்டிருந்த வண்டி மூணாவதுக்கு மாறுச்சு. நிக்கல. இன்னும் பலமா மிதிச்சேன். லீவர் கீழயே இருந்ததால அதுவும் இல்ல. பயத்துல கிளட்சை வேற பிடிச்சிருந்தேன், அதனால எஞ்சினும் இழுத்துப் பிடிக்கல. முன் பிரேக்கை அமுக்கறதுக்குள்ள எக்ஸ்எல் மேல போய் மோதியாச்சு.

வேகம் இருபது இருபத்தஞ்சு இருந்திருக்கும். அதனாலதான் இதை இவ்வளவு சாவகாசமா எழுத முடியுது. அண்ணனுக்கு முழங்கை சிராய்ச்சு ரத்தம். ரோடு பூரா பால். ஆடுங்க நக்க வந்துடுச்சு. "தம்பி, உங்களுக்கு ஒண்ணும் ஆகலியே?"ன்னு அவர் என்னைக் கேட்டார். அதுதான் எனக்கு ரொம்ப வலிச்சது. அவர் ரெண்டு அடி முன்னாடி நின்னிருந்தா ஆடு மேய்ச்ச பையன் மேல விழுந்திருப்பார். பத்து வயசுப் பையன்.

மாமா யார் வண்டியிலயோ ஏறி வந்தார். வந்ததும் கேட்ட முதல் கேள்வி, "லைசென்ஸ் கையில இருக்குல்ல?" ரெண்டாவது பால்கார அண்ணனோட கையைப் பார்த்தார். வண்டிய மூணாவதாதான் பார்த்தார். பாலுக்கும் கைவைத்தியத்துக்கும் பணம் குடுத்தார். என்னை ஒரு வார்த்தை திட்டல. ராத்திரி சாப்பிட்டுட்டு உக்காந்திருக்கும்போதுதான் மெதுவா சொன்னார், "இன்சூரன்ஸ் முடிஞ்சு ரெண்டு மாசம் ஆச்சு மாப்ள. நான் உனக்கு வண்டி குடுத்திருக்கவே கூடாது."

அப்போ எனக்கு அது புரியல. பின்னாடி படிச்சுப் பார்த்தா வயித்தக் கலக்குச்சு. 1988 மோட்டார் வாகனச் சட்டத்துல 5வது பிரிவுப்படி லைசென்ஸ் இல்லாதவனுக்கு வண்டி குடுத்தா அது குடுத்தவரோட குற்றம். அதுக்கான அபராதம் 2019 திருத்தத்துல ஆயிரத்துலேர்ந்து ஐயாயிரம் ஆச்சு. ஓட்டினது பதினெட்டு வயசு ஆகாதவன்னா அதே திருத்தப்படி பெத்தவருக்கோ வண்டிக்காரருக்கோ மூணு வருஷம் வரை ஜெயிலும் இருபத்தஞ்சாயிரம் அபராதமும். இன்சூரன்ஸ் இல்லாத வண்டியில யாருக்காவது ஏதாவது ஆயிருந்தா நஷ்டஈடு முழுக்க மாமா தலையில விழுந்திருக்கும். ரெண்டு ஏக்கர்தான் அவருக்கு.

இன்சூரன்ஸ் இருந்தாலும் இரவல் வாங்கினவன் கதை வேற. 2009ல சுப்ரீம் கோர்ட்டுக்கு வந்த ஒரு வழக்கு. கர்நாடகாவுல ஒருத்தர் தெரிஞ்சவரோட மோட்டார் சைக்கிளை இரவல் வாங்கி ஊருக்குப் போறார். முன்னாடி இரும்புத் தகடு ஏத்திக்கிட்டுப் போன மாட்டுவண்டி திடீர்னு நிக்க, மோதி இறந்துடறார். 163ஏ பிரிவுல அவர் குடும்பம் இன்சூரன்ஸ்ல நஷ்டஈடு கேக்குது. இரவல் வாங்கினவர் அந்த நேரத்துக்கு உரிமையாளரோட இடத்துலயே நிக்கறார், உரிமையாளர் தனக்குத் தானே அந்தப் பிரிவுல நஷ்டஈடு கேக்க முடியாதுன்னு கோர்ட் சொல்லிடுச்சு. ஓசி வண்டின்னு நாம சிரிச்சுக்கிட்டே வாங்கற சாவிக்குள்ள இவ்வளவு இருக்கு.

இன்னொண்ணும் படிச்சேன். ஹாரி ஹர்ட்னு ஒரு பேராசிரியர், லாஸ் ஏஞ்சல்ஸ் சுத்துவட்டாரத்துல 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை நேர்ல போய்ப் பார்த்து 1981ல அறிக்கை குடுத்தார். அதுல சிக்கினவங்களுக்கு மொத்த அனுபவம் கிட்டத்தட்ட மூணு வருஷம். ஆனா விபத்தான அதே வண்டியில பாதிக்கும் மேலானவங்களோட அனுபவம் அஞ்சு மாசத்துக்கும் கம்மி. எனக்கு ரெண்டும் சேர்த்தே பதினொரு நாள்.

மாமா அடுத்த வாரமே இன்சூரன்ஸ் கட்டினார். புல்லட்டோட முன் மட்கார்ட்ல விழுந்த சொட்டைய மட்டும் எடுக்கல. பால்கார அண்ணன் வீட்டுக்கு நான் ஊருக்குப் போறப்பல்லாம் போய்ட்டு வருவேன். "தம்பி நடந்தா வந்தீங்க?"ன்னு இன்னும் கேப்பார்.

போன பொங்கலுக்கு என் வண்டியிலயே ஊருக்குப் போயிருந்தேன். புது வண்டி, எல்லாம் இடது கால். மாமாவுக்கு இப்ப முட்டி வலி, கிக்கர் மிதிக்க முடியல. "சுவிட்ச் அமுக்குனா ஸ்டார்ட் ஆகுமாமே, குடு பாப்போம்"னு வாங்கினார். "மாமா, கால மாத்திப் போட்டுக்குங்க"ன்னு நானும் ரெண்டு தடவை சொன்னேன். அவரும் தலையாட்டினார். முன் ஜாக்கிரதையா இன்சூரன்ஸ் தேதியையும் ஒரு தடவை பார்த்துக்கிட்டேன். தெரு முனை வரைக்கும் நல்லாத்தான் போனார். திரும்பி வந்து வாசல்ல நிறுத்தறப்ப இடது காலை ஓங்கி மிதிச்சார். வண்டி முதல் கியருக்கு விழுந்து உறுமி, ஒரு குதி குதிச்சு, அத்தையோட துளசி மாடத்துக்கு ஒரு சாண் முன்னாடி ஆஃப் ஆகி நின்னுச்சு.

"லைசென்ஸ் கையில இருக்குல்ல?"ன்னு கேட்டேன். அத்தைதான் முதல்ல சிரிச்சாங்க.