“சேர், ஹவ் மட்டும் ஏன் வேற மாதிரி?”



தரம் 7 பிள்ளைகளுக்கு ஆங்கில வினாச்சொற்களைக் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தேன். வட், வென், வெயார், வை, ஹூ. எல்லாவற்றிலும் முதலில் டபிள்யூ, அடுத்து எச். கடைசியாக ஹவ். பின்வாங்கில் இருந்த மாணவன் ஒருவன் எழும்பினான். “சேர், எல்லாம் டபிள்யூவில தொடங்குது. ஹவ் மட்டும் ஏன் வேற மாதிரி?”

பாடத்தை முடிக்கும் அவசரம் எனக்கு. “அது அப்படித்தான் மகன், பாடமாக்குங்க” என்று இருத்திவிட்டேன். அதற்குப் பிறகு மணி அடிக்கும் வரை அந்த வகுப்பில் ஒருவரும் எதுவும் கேட்கவில்லை. இத்தனை வருடம் படிப்பித்தும் எனக்கே பதில் தெரியாது என்பதுதான் உண்மை. இரவு தேடிப் படித்தேன்.

ஆயிரம் வருடங்களுக்கு முந்திய ஆங்கிலத்தில் இந்தச் சொற்கள் எல்லாமே ‘ஹ’ ஒலியில்தான் தொடங்கின. ‘ஹ’ முதலில், ‘வ’ அடுத்தது. வட் என்பது ‘ஹ்வட்’ போலவும், ஹூ என்பது ‘ஹ்வா’ போலவும் ஒலித்தன. ஹவ்வும் இதே குடும்பம்தான். ஆனால் அதிலிருந்த ‘வ’ அந்தக் காலத்துக்கு முன்பே தேய்ந்து, வெறும் ‘ஹூ’ என்றே வழங்கியது.

1066 இல் நோர்மன்கள் இங்கிலாந்தைக் கைப்பற்றினார்கள். பிரெஞ்சு முறையில் எழுதப் பழகியவர்கள் நாளடைவில் ‘ஹ்வ’ வரிசையைத் திருப்பி, டபிள்யூவை முன்னாலும் எச்சைப் பின்னாலும் போட்டார்கள். ஹவ்வில் திருப்பிப் போட ‘வ’ இல்லை. அதனால் அதன் எச் இருந்த இடத்திலேயே நின்றுவிட்டது. அதன் கடைசியில் உள்ள டபிள்யூ, ‘ஊ’ என்ற நெடிலை இரண்டு எழுத்தால் எழுதிய பிரெஞ்சு வழக்கத்தின் மிச்சம்.

‘வை’ என்ற சொல்லின் கதை இன்னும் சுவையானது. அது ‘ஹ்வட்’ என்ற சொல் வேற்றுமை ஏற்ற வடிவம். நாங்கள் ‘எது’வோடு ‘ஆல்’ சேர்த்து ‘எதனால்’ என்கிறோமே, அந்த மூன்றாம் வேற்றுமையின் வேலையைத்தான் அதுவும் செய்தது. ஆங்கிலேயரும் ஒரு காலத்தில் எங்களைப் போல வேற்றுமை படித்தவர்கள்தான்!

இதில் எங்கள் நாட்டுக்கும் ஒரு தொடர்பு உண்டு. ஆங்கிலம், லத்தீன், உருது, சிங்களம் எல்லாம் ஒரே பெரிய மொழிக் குடும்பம். பழைய மூல மொழியின் ‘க்வ’ ஒலி லத்தீனில் அப்படியே நின்றது, ஆங்கிலத்தில் ‘ஹ்வ’ ஆனது, சிங்களத்தில் ‘க’ ஆனது. சந்தையிலும் பஸ்ஸிலும் நாம் கேட்கும் கவுத, கொஹேத, கொஹொமத எல்லாம் ஹூ, வெயார், ஹவ் என்பவற்றின் தூரத்துச் சொந்தங்கள்.

தமிழ் வேறு குடும்பம். ஆனாலும் இங்கே, அங்கே, எங்கே என்று நாங்கள் அடுக்குவது போலவே அவர்களும் ஹியர், தெயார், வெயார் என்று அடுக்குகிறார்கள். இது இரத்த உறவல்ல, ஒரே மாதிரியான ஒழுங்கு. பிள்ளைகளுக்குப் படிப்பிக்க இதைவிட இலகுவான வழி எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் அந்த மாணவனை முன்னால் அழைத்து, “நேற்று இவர் கேட்டது நல்ல கேள்வி, எனக்குப் பதில் தெரியாமல்தான் இருத்தினேன்” என்று சொல்லிவிட்டுப் பாடத்தைத் தொடங்கினேன். முடிவதற்குள் ஒரு மகள் கையை உயர்த்தினாள். “அப்படியென்டா சேர், ‘டூ’ என்ற இரண்டுக்குள்ள ஏன் டபிள்யூ இருக்கு?” ஹூவுக்கு நடந்ததுதான் அதற்கும் நடந்தது. வாயில் ‘வ’ கரைந்துவிட்டது, எழுத்தில் தங்கிவிட்டது. ‘ட்வெல்வ்’, ‘ட்வென்டி’ என்று சொல்லிப் பாருங்கள், அங்கே அது இன்னும் உயிரோடு இருக்கிறது.

பெற்றோர்களே, பிள்ளை “ஏன்?” என்று கேட்டால் “வாய் காட்டாதே” என்று அடக்குவது எங்கள் வீடுகளிலும் உண்டு, வகுப்புகளிலும் உண்டு. நானும் செய்தேன். பதில் தெரியாவிட்டால் “தெரியாது மகன், சேர்ந்து தேடுவோம்” என்று சொல்லிப் பாருங்கள். அதனால் எங்கள் மரியாதை குறைந்துவிடாது.

உங்கள் பிள்ளைகள் கேட்டு, நீங்கள் பதில் சொல்ல முடியாமல் போன கேள்விகளைக் கீழே எழுதுங்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். தெரியாததைத் தேடுவோம்.