காற்றிலிருந்து மின்சாரம் – நீலகிரி அடிவாரத்தின் கதை

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். அம்மி பறக்கிறதோ இல்லையோ, ஆனியிலும் ஆடியிலும் பல்லடம், உடுமலைப்பேட்டை, தாராபுரம் பக்கம் போகிறவர்கள் ஒரு காட்சியைப் பார்க்காமல் வர முடியாது. சோளக்காட்டுக்கும் தென்னந்தோப்புக்கும் நடுவே நூற்றுக்கணக்கான வெள்ளைக் காற்றாலைகள் மேற்கே முகத்தைத் திருப்பிக்கொண்டு சுற்றிக்கொண்டிருக்கும். அதே நாளில், வடமேற்கே நீலகிரியில், அவலாஞ்சியிலும் அப்பர் பவானியிலும் மழை விடாமல் கொட்டிக்கொண்டிருக்கும்.

இரண்டும் ஒரே காற்றின் வேலைதான். அரபிக்கடலிலிருந்து வரும் தென்மேற்குப் பருவக்காற்று நீலகிரி மலையில் மோதி மேலேறி, குளிர்ந்து, மழையாகக் கொட்டுகிறது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கும் மேல் மழை பெய்தது பலருக்கும் நினைவிருக்கும். மலையில் மோதாத காற்று என்ன செய்கிறது? நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவில், சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு மேற்குத் தொடர்ச்சி மலை திறந்து கிடக்கிறது. அதுதான் பாலக்காட்டுக் கணவாய். அந்த வாசல் வழியாகக் காற்று நெருக்கிக்கொண்டு கொங்கு நாட்டுக்குள் நுழைகிறது. மலையில் மோதிய காற்று தண்ணீராகி மின்சாரம் தந்தது. மோதாமல் நழுவிய காற்று, அரை நூற்றாண்டு கழித்து, நேரடியாகவே மின்சாரம் தந்தது.

முதலில் தண்ணீர்

நீலகிரிக்கும் மின்சாரத்துக்கும் உள்ள உறவு பழையது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலைக்குக் காட்டேரி அருவி மின்சாரம் கொடுத்தது. ஆனால் ஊருக்கெல்லாம் வெளிச்சம் கொடுத்தது பைக்காரா. சென்னை மாகாண அரசின் தலைமை மின்பொறியாளராக இருந்த ஹென்றி ஹோவர்ட் முன்னின்று நடத்திய இந்தத் திட்டத்தின் வேலை 1929-இல் தொடங்கியது. 1932-இல் சிங்காராவில் மின்நிலையம் ஓடத் தொடங்கியது. தண்ணீர் 900 மீட்டருக்கும் மேலான உயரத்திலிருந்து இரும்புக் குழாய்களில் இறங்கியது. அந்தக் காலத்தில் உலகத்திலேயே மிக உயரமான நீர்வீழ்ச்சி மின்திட்டங்களில் ஒன்று அது.

அங்கிருந்து 66 கிலோவோல்ட் கம்பி கோயம்புத்தூருக்கு இறங்கியது. கோவையில் 1888-லேயே ஸ்டேன்ஸ் நூற்பாலை வந்துவிட்டது. ஆனாலும் ஆலைகள் வரிசையாக முளைத்தது பைக்காரா மின்சாரம் வந்த பிறகுதான். கிணறுகளுக்கு மோட்டார் பம்புசெட்டும் வந்தது. பைக்காராவில் வெளியேறிய தண்ணீரை வைத்தே 1952-இல் மாயாறு மின்நிலையம் வந்தது. கொழும்புத் திட்டத்தின் கீழ்க் கனடாவின் உதவியோடு 1960-களின் தொடக்கத்தில் குந்தா திட்டம் வந்தது. இன்று குந்தா வரிசையில் ஆறு மின்நிலையங்கள், மொத்தம் 585 மெகாவாட்.

சிக்கல் எங்கே வந்தது? ஆலைகள் பெருகின, பம்புசெட்டுகள் பெருகின. மலையும் அணையும் பெருகவில்லை! மழை பொய்த்த வருடங்களில் மின்வெட்டு வந்தது. ஒரு நூற்பாலைக்கு மின்வெட்டு என்றால் கதிர்கள் நிற்கும், நூல் அறுபடும், ஷிஃப்டுக்கு வந்த தொழிலாளி சும்மா உட்கார வேண்டும். இந்தப் பயம்தான் பிற்பாடு கோவை, திருப்பூர் முதலாளிகளைக் காற்றாலை பக்கம் திருப்பிய காரணங்களில் முக்கியமானது.

உலகத்தில் காற்றாலை

காற்றிலிருந்து மின்சாரம் எடுக்கும் எண்ணம் புதிதல்ல. 1887-இல் ஸ்காட்லாந்தில் ஜேம்ஸ் பிளைத், 1888-இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் சார்லஸ் பிரஷ், 1891-இல் டென்மார்க்கில் பால் லா கூர் ஆகியோர் செய்து காட்டிவிட்டார்கள். 1957-இல் டென்மார்க்கின் கெட்சர் என்ற ஊரில் யொஹானஸ் யூல் அமைத்த மூன்று இறக்கைக் காற்றாலைதான் இன்றைய இயந்திரங்களுக்கெல்லாம் தாத்தா. அப்போது பெட்ரோல் மலிவு. எனவே யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1973-இல் எண்ணெய் விலை எகிறியதும் எல்லோரும் காற்றைத் தேடினார்கள்.

இந்தியாவில் 1952-லேயே அறிவியல் தொழிலக ஆராய்ச்சிக் குழுவின் கீழ்க் காற்றுச் சக்தி பற்றிய ஆய்வு தொடங்கியிருந்தது. ஆனால் "எங்கே, எந்த மாதம், எவ்வளவு வேகத்தில் காற்று அடிக்கிறது?" என்ற கணக்கு சரியாக இல்லாமல் இயந்திரம் நட முடியாது. அந்தக் கணக்கைக் கொடுத்தவர்களில் முதலில் சொல்ல வேண்டிய பெயர் அன்னா மணி. பீர்மேட்டில் 1918-இல் பிறந்து, இந்திய வானிலைத் துறையில் பெரும் பதவி வகித்து ஓய்வு பெற்ற பிறகு, நாடு முழுவதும் காற்றளவு கருவிகளை வைத்து அளக்கும் வேலையை அவர் எடுத்துக்கொண்டார். அவர் இன்னொருவரோடு சேர்ந்து தொகுத்த இந்தியக் காற்றுச் சக்தித் தரவு நூல் 1983-இல் வெளிவந்தது.

தமிழ்நாட்டுக்குக் காற்று வரும் வாசல்கள் பாலக்காடு, கம்பம், செங்கோட்டை, ஆரல்வாய்மொழி ஆகிய நான்கு கணவாய்கள். 1986-இல் தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில் அரசின் மாதிரிக் காற்றாலைப் பண்ணை வந்தது. அன்றைய இயந்திரம் ஒன்றின் திறன் வெறும் 55 கிலோவாட். பிறகு கயத்தாறு, முப்பந்தல், பல்லடம் பக்கம் கேத்தனூர் என்று பரவியது. இன்று முப்பந்தல் வட்டாரத்தில் மட்டும் சுமார் 1,500 மெகாவாட் நிற்கிறது.

எப்படி வேலை செய்கிறது?

காற்று தள்ளுவதால் இறக்கை சுற்றுகிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அதன் வடிவம் விமான இறக்கை மாதிரி. காற்று அதன் இரு பக்கமும் வெவ்வேறு வேகத்தில் ஓடும்போது அழுத்த வித்தியாசம் உண்டாகி இறக்கையை இழுக்கிறது. இறக்கை நிமிடத்துக்குப் பத்து இருபது சுற்று மெதுவாகத்தான் சுற்றும். கோபுரத்தின் உச்சியில் உள்ள பெட்டிக்குள் கியர்பாக்ஸ் அதை நிமிடத்துக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட சுற்றாக மாற்றி ஜெனரேட்டருக்குக் கொடுக்கிறது. வரும் மின்சாரத்தை அடியில் உள்ள டிரான்ஸ்ஃபார்மர் உயர் அழுத்தத்துக்கு ஏற்றித் துணை மின்நிலையத்துக்கு அனுப்புகிறது. காற்று விநாடிக்கு 3, 4 மீட்டரைத் தொட்டால் உற்பத்தி தொடங்கும். 25 மீட்டரைத் தாண்டினால் இயந்திரம் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள நின்றுவிடும்.

இதில் முக்கியமான கணக்கு ஒன்று உண்டு. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதிலுள்ள சக்தி எட்டு மடங்காகும். அதனால்தான் கணவாய்க்கு இவ்வளவு மதிப்பு. அதேபோல், காற்றிலுள்ள சக்தி முழுவதையும் பிடுங்கிவிடவும் முடியாது. அதிகபட்சம் 59 சதவீதம்தான் என்று ஜெர்மானியர் ஆல்பர்ட் பெட்ஸ் கணக்கிட்டுச் சொன்னார். எல்லாவற்றையும் பிடுங்கினால் காற்று அங்கேயே நின்றுவிடும், பின்னால் வரும் காற்றுக்கு வழி இருக்காது!

ஊட்டியில் ஏன் இல்லை?

காற்று அதிகம் என்றால் ஊட்டி மலை மேலேயே நட்டிருக்கலாமே என்று தோன்றும். ஆனால் நீலகிரியில் பெரிய காற்றாலைப் பண்ணை கிடையாது. காரணங்கள் பல. 2,240 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அடர்த்தி குறைந்தால் அதே வேகத்தில் வரும் சக்தியும் குறையும். மேடும் பள்ளமுமான மலையில் காற்று சுழன்று அடிக்கும், இறக்கைகளுக்கு அது ஆகாது. நீளமான இறக்கையை ஏற்றிய லாரி குன்னூர் மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவுகளில் திரும்புவதை நினைத்துப் பார்த்தாலே போதும். எல்லாவற்றுக்கும் மேல், முள்ளக்காட்டில் காற்றாலை வந்த அதே 1986-இல்தான் நீலகிரி நாட்டின் முதல் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. சோலைக் காடும் புல்வெளியும் இருந்தால்தான் அணைக்குத் தண்ணீர்.

வரிக்காக நட்ட காற்றாலை

தமிழ்நாட்டில் காற்றாலை பெருகிய கதையைக் காற்றை மட்டும் வைத்துச் சொன்னால் பாதிக் கதைதான். மீதிப் பாதி கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது.

1990-களில் காற்றாலைக்கு 100 சதவீதத் தேய்மானம் அனுமதிக்கப்பட்டது. அதாவது, ஒரு ஆலைக்கு வருட லாபம் ஒரு கோடி. அவர் ஒரு கோடிக்குக் காற்றாலை வாங்குகிறார். முழுத் தொகையையும் முதல் வருடமே தேய்மானமாகக் கழித்துக்கொள்ளலாம். வரிக்குரிய லாபம் பூஜ்யம். வரி விகிதம் 40 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், 40 லட்சம் அந்த வருடம் கையில் நிற்கும். பின்னால் வரும் வருடங்களில் கழிக்கத் தேய்மானம் இருக்காது என்பதால், கணக்குப்படி இது வரியைத் தள்ளிவைப்பதுதான். ஆனால் கையில் நிற்கும் பணத்துக்கு வட்டி உண்டே!

இன்னொரு வேடிக்கையும் உண்டு. ஒரு சொத்தை நிதியாண்டில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்படுத்தினால் பாதித் தேய்மானம்தான். எனவே செப்டம்பர் முடிவதற்குள்ளும், தவறினால் மார்ச் முடிவதற்குள்ளும் காற்றாலைகளை நட்டு முடிக்க ஓட்டமாக ஓடினார்கள். காற்று சீசன் மே முதல் செப்டம்பர் வரை. நடுகிற சீசனைத் தீர்மானித்தது வருமான வரிச் சட்டம்!

இதன் நல்ல பலன், அரசிடம் பணம் இல்லாத காலத்தில் தனியார் பணம் மின்சாரத்துக்கு வந்தது. கெட்ட பலன், வரி மிச்சமானதே போதும் என்று இயந்திரம் ஓடுகிறதா என்று கவலைப்படாதவர்களும் வந்தார்கள். 1996-97-இல் லாபம் காட்டும் கம்பெனிகளுக்குக் குறைந்தபட்ச மாற்று வரி வந்ததும் புதிய காற்றாலைகள் சட்டென்று குறைந்தன. பின்னர் தேய்மானம் 80 சதவீதமானது. 2009-இல் மத்திய அரசு வேறு வழி யோசித்தது. உற்பத்தியாகும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் 50 காசு ஊக்கத்தொகை என்றது. இயந்திரத்தை நட்டதற்குச் சலுகை என்பது போய், ஓட்டியதற்குச் சலுகை என்றானது. தேய்மானச் சலுகை 2012-இல் நின்று, 2014-இல் திரும்பி வந்து, 2017 முதல் 40 சதவீதமாகக் குறைந்தது.

கோவை, திருப்பூர் ஆலைகளுக்கு இன்னொரு வசதியும் இருந்தது. உடுமலையில் தன் காற்றாலை உற்பத்தி செய்ததை மின்வாரியத்தின் கம்பி வழியே கொண்டுவந்து தன் ஆலையில் கழித்துக்கொள்ளலாம். சீசனில் மிஞ்சியதை வங்கியில் பணம் போடுவது போல வாரியத்திடம் போட்டுவைத்து, காற்றில்லாத மாதத்தில் எடுத்துக்கொள்ளலாம். ஆலைக்கு இது லாபம். வாரியத்துக்கோ, மலிவான நேரத்தில் வாங்கி விலை கூடிய நேரத்தில் திருப்பித் தரும் சுமை. இரு தரப்பிலும் நியாயம் இருந்ததால் இந்த வழக்கு வருடக்கணக்கில் இழுத்தது.

இருட்டு வருடங்கள்

2008-இல் தொடங்கிய மின்பற்றாக்குறை 2012-இல் உச்சத்துக்குப் போனது. சென்னைக்கு வெளியே பல மணி நேரம் மின்சாரம் இல்லை. கொங்கு மண்டலத்தில் விசைத்தறிகள் நின்றன, சிறு பட்டறைகள் டீசல் செலவு தாங்காமல் மூடின. அந்த வருடங்களில் மக்கள் நிம்மதியாக மூச்சுவிட்டது காற்று சீசனில்தான். மே மாதம் மேல்காற்று வீசத் தொடங்கியதும் மின்வெட்டு நேரம் குறையும். அக்டோபரில் காற்று நின்றதும் மறுபடி இருட்டு.

இதைவிட வருத்தமான விஷயம், சீசன் உச்சத்தில் சில நேரம் காற்றாலைகளை நிறுத்தச் சொன்னார்கள். கம்பி தாங்காது என்பது ஒரு காரணம். மிஞ்சியதை வடக்கே விற்கத் தாராளமான வழியில்லை என்பது இன்னொன்று. தென்னக மின்தொகுப்பு நாட்டின் மற்றப் பகுதிகளோடு ஒத்திசைவாக இணைந்தது 2013 டிசம்பர் 31 அன்று, ராய்ச்சூர் – சோலாப்பூர் கம்பி வழியாகத்தான்.

மறுபடியும் மலைக்கு

காற்றின் குணம், நினைத்தபோது வரும், நினைத்தபோது போகும். அதைச் சேர்த்துவைக்க ஒரு பெட்டி வேண்டும். அந்தப் பெட்டி மலையில் இருக்கிறது. மின்சாரம் மிஞ்சும்போது கீழ் அணைத் தண்ணீரை மேல் அணைக்கு ஏற்றிவிட்டு, தேவைப்படும்போது இறக்கி மின்சாரம் எடுக்கலாம். ஏற்றச் செலவழித்ததில் முக்கால் பங்கு போலத் திரும்பக் கிடைக்கும். ஆனைமலையில் காடம்பாறை நிலையம் 1980-களின் இறுதியிலிருந்து 400 மெகாவாட் அளவில் இந்த வேலைக்காக இருக்கிறது. நீலகிரியில் போர்த்திமந்து அணையை மேலேயும், அவலாஞ்சி – எமரால்டு அணைகளைக் கீழேயும் வைத்து 500 மெகாவாட் குந்தா நீரேற்றுத் திட்டத்தின் வேலை 2018-இல் தொடங்கியது. குறித்த தேதிகள் பலமுறை தள்ளிப்போயின.

தமிழ்நாட்டின் காற்றாலைத் திறன் இன்று 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. நீண்ட காலம் நாட்டில் முதலிடத்தில் இருந்த மாநிலத்தைக் குஜராத் முந்திவிட்டது. காரணம் புரியாததல்ல. நல்ல காற்றடிக்கும் கணவாய்களில் 1990-களின் 250 கிலோவாட் குட்டி இயந்திரங்கள் இடத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கின்றன. இன்றைய ஒரு இயந்திரம் அவற்றில் பத்துக்குச் சமம். பழையதை மாற்றுவதற்கு 2024-இல் மாநில அரசு தனிக் கொள்கை வெளியிட்டது. அதே வருடம் மின்வாரியத்தின் நீர்மின் நிலையங்களும் காற்று, சூரிய மின்சாரமும் பசுமை எரிசக்திக் கழகம் என்ற ஒரே கம்பெனியின் கீழ் வந்தன.

பைக்காராவின் குழாயும் பல்லடத்தின் இறக்கையும் இப்போது ஒரே கணக்குப் புத்தகத்தில் இருக்கின்றன. இரண்டையும் ஓட்டுவது அரபிக்கடலிலிருந்து வரும் ஒரே காற்று. கல்லாதவருக்கும் தெரிந்த ஒரு பழமொழி உண்டு: காற்றுள்ளபோதே தூற்றிக்கொள். தூற்றத் தமிழ்நாடு நன்றாகவே கற்றுக்கொண்டது. தூற்றியதை அள்ளி வைக்கும் குதிர்தான் இன்னும் கட்டி முடிக்க வேண்டியது.