மூன்று கோபுரங்களும் ஒரு கண்ணாடித் துண்டும்

"இத்தாலியில் படித்தாயே, ஊர் சுற்றியதைப் பற்றி எழுதிக் கொடு" என்று மலர்க் குழுவினர் கேட்டார்கள். ரோமாபுரியைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் சிவில்காரன். விடுமுறை நாட்களில் என் கண் போனதெல்லாம் கோபுரங்களின் மேல்தான்.

மூன்றாம் ஆண்டில் ஸ்ட்ரக்சர்ஸ் சார் சொன்னது நண்பர்களுக்கு ஞாபகம் இருக்கும். "வெடிப்பைப் பூசி மறைக்காதே. குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டை ஒட்டி வை. உடைஞ்சா, சுவர் இன்னும் நகருதுன்னு அர்த்தம்." அவருக்குக் 'கண்ணாடி சார்' என்றே பெயர் வைத்துச் சிரித்தோம். படிப்பு முடிந்து சைட்டில் நின்றபோது, ஒரு பழைய கிடங்கில் தண்ணீர்த் தொட்டியைத் தாங்கும் செங்கல் தூணில் முடி போன்ற நெடுக்கு வெடிப்பு ஒன்றைப் பார்த்தேன். "பூசிடலாம் தம்பி, ஒண்ணும் ஆகாது" என்றார் மேஸ்திரி. நானும் தலையாட்டிவிட்டு, மேல்படிப்புக்கு விமானம் ஏறிவிட்டேன்.

போன ஊர் பாவியா. "பாவியா? வேற ஊரே கிடைக்கலையா?" என்றாள் அம்மா. மிலானிலிருந்து ரயிலில் அரை மணி நேரம். பல்கலைக்கழகம் 1361-இல் தொடங்கியது. மின்கலம் கண்ட வோல்ட்டா பாடம் நடத்திய இடம். முதல் ஞாயிறு அங்குள்ள பேராலயத்தைப் பார்க்கப் போனேன். பக்கத்தில் மொட்டையாக ஒரு செங்கல் அடிப்பாகம். ஒரு காலத்தில் 78 மீட்டர் உயரம் இருந்த நகரக் கோபுரமாம். 11-ஆம் நூற்றாண்டில் கட்டத் தொடங்கியது. 16-ஆம் நூற்றாண்டில் உச்சியில் கனமான கல் மணிக்கூண்டை ஏற்றினார்கள். 1989 மார்ச் 17 காலை பொலபொலவென்று விழுந்துவிட்டது. நான்கு பேர் இறந்தார்கள். அன்று பூகம்பமும் இல்லை, புயலும் இல்லை. வெளியே மெல்லிய செங்கல் சுவர், உள்ளே கல்லும் காரையும் கொட்டிய நிரப்பு. நூற்றாண்டுக் கணக்கில் பாரம் தாங்கி அலுத்துப்போன சுவர் என்று பின்னர் ஆராய்ந்தவர்கள் சொன்னார்கள். நாம் 'க்ரீப்' என்று படித்தோமே, அதேதான். இந்த நோய் வெளியே தெரிவது மெல்லிய நெடுக்கு வெடிப்புகளாக! அன்று ராத்திரி எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. ஆனாலும் ஊருக்குப் போன் செய்யக் கூச்சம். தள்ளிப்போட்டேன்.

அடுத்து பீசா. சாய்ந்த கோபுரத்தைக் கையால் தாங்குவதுபோல் நானும் போட்டோ எடுத்துக்கொண்டேன், மறைப்பானேன்! 1173-இல் தொடங்கி, ஐந்து வருஷத்தில் வேலை நின்றது. நூறு வருஷம் போல அப்படியே கிடந்தது. அந்த ஓய்வில்தான் அடியிலிருந்த களிமண் இறுகிக்கொண்டது. விடாமல் கட்டியிருந்தால் அப்போதே கவிழ்ந்திருக்கும் என்பது நிபுணர்கள் கணக்கு. பிற்காலத்தில் உதவி செய்யப் போனவர்கள்தான் அதை ஆட்டி வைத்தார்கள். 1838-இல் அடியைச் சுற்றித் தோண்டினார்கள், சாய்ந்தது. 1934-இல் அஸ்திவாரத்தில் 361 துளை போட்டுச் சிமென்ட் குழம்பைச் செலுத்தினார்கள், இன்னும் சாய்ந்தது. பாவியாவில் விழுந்த பயத்தில் 1990 ஜனவரியில் கதவைப் பூட்டினார்கள். 1993-இல் வடபுறம் சுமார் 600 டன் ஈயம் ஏற்றினார்கள். 1995-இல் நிலத்தை உறையவைத்து வேலை செய்யப் போக, கோபுரம் மறுபடி நகர, ஈயத்தை இன்னும் கூட்ட வேண்டியதாயிற்று. கடைசியில் பலித்த வைத்தியம் ரொம்பச் சின்னது. சாயாத வடபக்கத்து அடிமண்ணைத் துளையிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக உருவினார்கள். மொத்தமே 38 கன மீட்டர் அளவுதான். உச்சி 40 சென்டிமீட்டருக்கு மேல் திரும்பி வந்தது. 2001 டிசம்பரில் திறந்துவிட்டார்கள். நான் ஏறினேன். பளிங்குப் படிகளில் தேய்மானம் ஒரே இடத்தில் இல்லை. சுற்றச் சுற்ற இடம் மாறுகிறது. நம் காலும் தானாக அந்தப் பக்கம் இழுபடும்.

கிறிஸ்துமஸ் விடுமுறையில் வெனிஸ். சான் மார்க்கோ சதுக்கத்து மணிக்கோபுரம் பார்க்கத்தான் பழசு, திறந்தது 1912-இல். முந்தையது 1902 ஜூலை 14 அன்று விழுந்தது. அதற்குச் சில நாள் முன் சுவரில் பெரிய வெடிப்பு கண்டது. குறுக்கே என்ன வைத்தார்கள் தெரியுமா? கண்ணாடித் துண்டுகள்! அவை உடைந்ததைப் பார்த்துச் சதுக்கத்தைக் காலி செய்தார்கள். அத்தனை பெரிய கோபுரம் சரிந்தும் மனித உயிர் ஒன்றுகூடப் போகவில்லை. காவல்காரரின் பூனை மட்டும் போயிற்றாம்.

அங்கே நின்றபடியே மேஸ்திரிக்குப் போன் போட்டேன்.

"அண்ணே, அந்தத் தூணில் பூசினதைக் கொத்திட்டு, வெடிப்பு மேல கண்ணாடி ஒட்டணும்."

"வெளிநாட்டிலிருந்து இதுக்கா தம்பி கூப்பிட்டே?" என்று சிரித்தார். ஆனால் ஒட்டினார்.

மாசியில் அவரே கூப்பிட்டார். "தம்பி, கண்ணாடி ரெண்டா உடைஞ்சு கிடக்கு." மறுநாளே தொட்டியை வடித்து இறக்கச் செய்தோம்.

கண்ணாடி சார் சந்திப்புக்கு வருகிறார் என்று கேள்வி. நேரில் சொல்லிக்கொள்கிறேன்.