தகுதியின் கணக்கு: 2024 பலோன் டி ஓர் தீர்ப்பை முன்வைத்து

2024 அக்டோபர் 28 அன்று பாரிஸ் ஷாட்லே அரங்கில், ஆண்டின் சிறந்த கால்பந்து வீரருக்கான பலோன் டி ஓர் விருது மான்செஸ்டர் சிட்டியின் நடுக்கள வீரர் ரோட்ரிக்கு வழங்கப்பட்டது. வினீசியஸ் ஜூனியருக்கே விருது என்று நம்பியிருந்த ரியல் மாட்ரிட் அணியினர் விழாவைப் புறக்கணித்தனர். ரோட்ரி பெற்றது 1170 புள்ளி, வினீசியஸ் 1129. அதே ஆண்டு டிசம்பரில் ஃபிஃபா தன் சிறந்த வீரர் விருதை வினீசியஸுக்கு அளித்தது. ஏறக்குறைய ஒரே பருவத்துக்கு இரண்டு வெற்றியாளர்கள். தகுதி என்பது வாக்களிப்பவரின் விருப்பமே என்று இதிலிருந்து முடிவுகட்டுவோர் உண்டு. நான் அதை ஏற்கவில்லை. தகுதியைக் காரணங்காட்டி நிறுவலாம். ஆனால் ரோட்ரியின் தகுதியைப் புள்ளிக் கணக்கும் நிறுவவில்லை, அவருக்காகப் பரவலாகச் சொல்லப்பட்ட காரணமும் நிறுவவில்லை.

முதலில் புள்ளிக் கணக்கு. ஃபிஃபா தரவரிசையின் முதல் 100 நாடுகளிலிருந்து நாட்டுக்கு ஒரு பத்திரிகையாளர் என்பது பிரான்ஸ் ஃபுட்பால் இதழின் நடுவர் குழு. 2024 முதல் ஒவ்வொருவரும் பத்து வீரர்களை வரிசைப்படுத்துகின்றனர். முதலிடத்துக்கு 15, இரண்டாமிடத்துக்கு 12, அடுத்து 10, 8, 7 என்று புள்ளிகள் இறங்குகின்றன. ரோட்ரியை முதலிலும் வினீசியஸை அடுத்தும் வைத்த நடுவர்களில் ஏழு பேர் அந்த வரிசையை மாற்றியிருந்தால் ரோட்ரி 1149, வினீசியஸ் 1150. ஏழு பேரின் மனமாற்றத்தில் கவிழக்கூடிய ஒரு முடிவு, இருவரில் யார் மேலானவர் என்ற கேள்விக்கு உறுதியான விடையாகாது.

இதைவிடப் பெரிய குறை ஒன்று இருக்கிறது. மூன்றாம், நான்காம் இடங்களைப் பிடித்த பெல்லிங்ஹாம், கார்வகால் இருவரும் வினீசியஸின் அணித்தோழர்கள். ரோட்ரியை முதலில் வைத்த ஒரு நடுவர், மாட்ரிட்டின் வெற்றியில் இவர்களுக்குப் பெரும்பங்கு என்று கருதி இருவரையும் வினீசியஸுக்கு முன் வைத்தால், ரோட்ரிக்கு 15, வினீசியஸுக்கு 8. இடைவெளி ஏழு. வினீசியஸை முதலிலும் ரோட்ரியை அடுத்தும் வைத்த இன்னொரு நடுவரின் வாக்கு அதில் மூன்றை மட்டுமே ஈடுகட்டும். இருவரும் சொன்ன செய்தி ஒன்றுதான்: ஒருவர் மற்றவரைவிட மேலானவர். அதற்கு இரு வேறு எடை கிடைத்துவிட்டது. அணித்தோழரின் சிறப்பு ஒருவரின் புள்ளியைக் குறைக்கும் கணக்கு, தனிநபர் விருதுக்குப் பொருந்தாது.

யார் வாக்களிக்கிறார் என்பதும் முடிவை மாற்றும். 2010இல் இந்த விருது ஃபிஃபாவின் விருதோடு இணைக்கப்பட்டு, தேசிய அணிகளின் தலைவர்களும் பயிற்சியாளர்களும் வாக்காளராயினர். பத்திரிகையாளர் வாக்குகளை மட்டும் எண்ணியிருந்தால் இன்டர் மிலானுடன் மூன்று கோப்பைகளை வென்று உலகக் கோப்பை இறுதியிலும் ஆடிய ஸ்னைடர் வென்றிருப்பார். அவருக்குக் கிடைத்தது நான்காமிடம். வென்றவர் மெஸ்ஸி.

இனி, காரணங்கள். ரோட்ரிக்காக அதிகம் சொல்லப்பட்டது, அவர் இல்லாவிட்டால் அணி தோற்கும் என்பது. 2023–24 பிரீமியர் லீக்கில் சிட்டி தோற்ற மூன்று ஆட்டங்களிலும், வுல்வ்ஸ், ஆர்சனல், ஆஸ்டன் வில்லாவுக்கு எதிராக, அவர் ஆடவில்லை. வலுவான வாதம்போலத் தோன்றுகிறது. ஆனால் 2024 யூரோ இறுதியில் பெர்லினில் காயத்தால் அவர் இடைவேளையோடு வெளியேறினார். ஸ்பெயின் தன் இரு கோல்களையும் அதன் பிறகே அடித்து இங்கிலாந்தை 2–1 என வென்றது. இல்லாமையைச் சான்றாக்கினால் இதையும் எண்ணத்தான் வேண்டும். ஒருவர் இல்லாதபோது நடப்பது அவருடைய மாற்று வீரரின் தரத்தையும் எதிரணியையும் பொறுத்தது. விழாவுக்குப் பின் அவர் இல்லாத சிட்டி தொடர்ந்து ஐந்து ஆட்டங்களில் தோற்றதைக் காட்டுவோருக்கும் இதுவே விடை. அது விருதுக்குரிய பருவமும் அன்று.

களத்தில் இருந்தபோது செய்ததே தகுதி. ரோட்ரியின் பணி, பந்தைப் பறித்து, ஆட்டத்தின் வேகத்தைத் தீர்மானித்து, முன்னிருப்பவர்களுக்கு வழி திறப்பது. அதைப் பருவம் முழுதும் செய்ததோடு லீக்கில் எட்டு கோல்களும் அடித்தார். பட்டத்தைத் தீர்மானித்த கடைசி நாளில் வெஸ்ட் ஹாமுக்கு எதிரான மூன்றாவது கோல் அவருடையது. யூரோவில் ஜார்ஜியா முன்னிலை பெற்றிருந்தபோது சமன்செய்தவரும் அவரே; அத்தொடரின் சிறந்த வீரரும் அவரே.

வினீசியஸின் வழக்கை அதன் முழு வலுவோடு எடுத்துக்கொள்ள வேண்டும். சாம்பியன்ஸ் லீக்கில், மியூனிக்கில் நடந்த அரையிறுதியின் முதல் ஆட்டத்தில் மாட்ரிட்டின் இரு கோல்களும் அவருடையவை. வெம்பிளி இறுதியில் டார்ட்மண்டுக்கு எதிரான இரண்டாவது கோலும் அப்படியே. பெரிய இரவுகளை மட்டும் அளவாக வைத்தால் அவரே முன்னிற்கிறார். 2022இல் திருத்தப்பட்ட விதிகள் தனிநபர் ஆட்டத்தையும் அதன் தீர்மானிக்கும் தன்மையையும் முதல் அளவுகோலாக வைக்கின்றன. தீர்மானிப்பது கோல் அடிக்கும் கணம் மட்டுமே என்று படித்தால் தற்காப்பாளர்களுக்கு இந்த விருதில் இடமே இல்லை. 1956இல் தொடங்கிய விருதை வென்ற ஒரே கோல்கீப்பர் 1963இன் லெவ் யாஷின். கடைசியாக வென்ற தற்காப்பு வீரர் 2006இன் கன்னவாரோ. அந்த வாசிப்பு ஏற்கெனவே எவ்வளவு ஆழமாக வேரோடியிருக்கிறது என்பதற்கு இது போதும். பருவம் முழுமையையும் அளந்தால் ரோட்ரிக்கே என் வாக்கு.

மூன்றாம் அளவுகோலான பண்பும் நேர்மையான ஆட்டமும் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். வலென்சியாவில் வினீசியஸை நிறவெறியோடு வசைபாடிய மூவருக்கு 2024 ஜூனில் ஸ்பெயின் நீதிமன்றம் சிறைத்தண்டனை விதித்தது. அந்த இழிவை எதிர்த்துக் குரல் கொடுத்ததை எந்த நடுவராவது அவருக்கு எதிராக எண்ணியிருந்தால் அது அநீதி. அவர் இரண்டாமிடம் பெற வேண்டும் என்றால் ஆட்டத்தின் பேரில் மட்டுமே பெற வேண்டும்.

திருத்தம் எளிது. இப்போதுள்ள பத்துப் பெயர்ப் பட்டியலே போதும். புள்ளிகளைக் கூட்டுவதற்குப் பதிலாக, ஒவ்வோர் இணை வீரர்களிலும் எத்தனை நடுவர் யாரை மேலே வைத்தார்கள் என்று எண்ண வேண்டும். பெல்லிங்ஹாம் இடையில் வந்தாலும் ரோட்ரிக்கும் வினீசியஸுக்கும் இடையிலான ஒரு நடுவரின் தீர்ப்பு அப்போது ஒரு வாக்காகவே நிற்கும்.