நற்சான்றின் விலை: ஒரு வணிகத்தின் வரலாறு

தன் சரக்கைத் தானே புகழ்பவரை வாங்குபவர் எளிதில் நம்புவதில்லை. நம்பத்தக்க வேறொருவர் புகழ வேண்டும். இன்று இன்ஸ்டாகிராமிலும் யூடியூபிலும் நடக்கும் இன்ஃப்ளூயன்சர் வணிகம் இந்தத் தேவையிலிருந்து பிறந்ததுதான். தேவை மிகப் பழையது. 13-ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், எத்துறையில் வல்லவரானாலும் ஒருவர் தம்மைத் தாமே புகழ்ந்துகொள்வது தகாது என்கிறது. அரசவைக்கு ஓலை எழுதும்போது, தம் ஆற்றலை அறியாதவர் நடுவே நிற்கும்போது என்று சில இடங்களில் மட்டும் விலக்கு அளிக்கிறது. நூலின் சிறப்பைச் சொல்லும் பாயிரத்தை யார் பாடலாம் என்பதற்கும் விதி வகுத்திருக்கிறது. நூலாசிரியரின் ஆசான், உடன் கற்றவர், மாணாக்கர், உரைகாரர் ஆகிய நால்வருக்கே அந்த உரிமை உண்டு. நால்வரும் நூலையும் ஆசிரியரையும் நெருங்கி அறிந்தவர்கள். அறியாதவர் புகழ்வதற்கு அந்த விதியில் இடமில்லை.

19-ஆம் நூற்றாண்டில் தமிழ் நூல்கள் அச்சேறியபோது இந்த மரபு சாற்றுகவிகளாகப் பெருகியது. நூலின் முன்பக்கங்களில் வித்துவான்களின் பாராட்டுச் செய்யுள்கள் வரிசையாக அச்சாயின. பாடியவரின் பெயர், ஊர், அவர் சார்ந்த மடம் அல்லது பதவி எல்லாம் செய்யுளுக்கு மேலே இடம்பெற்றன. படிப்பவர் செய்யுளை எடைபோடுவதற்கு முன்பே பெயரை எடைபோட்டார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை போன்றவர்களின் பாடல் கிடைத்தால் நூலுக்குத் தனி மதிப்பு வந்தது.

வணிகத்தில் இந்த வழியைத் திட்டமிட்டுப் பயன்படுத்திய முன்னோடிகளில் ஒருவர் இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்ட்ஷயர் மாவட்டத்துப் பீங்கான் வணிகர் ஜோசையா வெட்ஜ்வுட். 1765-இல் அரசி சார்லட்டுக்குத் தேநீர்க் கலங்கள் செய்து தரும் வேலை அவருக்கு வந்தது. வேறு யாரும் ஏற்க முன்வராத கடினமான வேலை அது. அவர் செய்து முடித்தார்; அரசியின் குயவர் என்று சொல்லிக்கொள்ளும் உரிமையும் பெற்றார். அதுவரை பாலேட்டு நிறக் கலம் என்று விற்ற சரக்கு அதன் பிறகு 'அரசிக் கலம்' என்று விற்றது. 1774-இல் ரஷ்யப் பேரரசி கேத்தரினுக்காக 900-க்கும் மேற்பட்ட கலங்கள் கொண்ட விருந்துத் தொகுதியைச் செய்தபோது, கப்பலேற்றும் முன் அதை லண்டன் கிரீக் தெருவிலிருந்த தம் கடையில் காட்சிக்கு வைத்தார். பிரபுக்களும் சீமாட்டிகளும் திரண்டுவந்து பார்த்தனர். 1767-இல் தம் கூட்டாளி தாமஸ் பென்ட்லிக்கு எழுதிய கடிதத்தில், அரசிக் கலங்கள் இவ்வளவு வேகமாகப் பரவியதற்கு அவற்றின் பயனும் அழகும் எவ்வளவு காரணம், அவை அறிமுகமான முறை எவ்வளவு காரணம் என்று அவரே கேட்டிருக்கிறார். விளம்பர வரலாற்றில் இதைவிட நேர்மையான கேள்வியைக் காண்பது அரிது.

வெட்ஜ்வுட்டின் வழி மேலிருந்து கீழே இறங்கியது: அரசி வாங்கினார், பிரபு வாங்கினார், பிறகு மற்றவர்கள் வாங்கினர். நூறாண்டு கழித்து அமெரிக்க மருந்து வணிகர்கள் வேறொரு வழியைக் கண்டனர். பக்கத்து வீட்டுப் பெண்ணைப் பேசவைப்பது அது. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் லின் நகரில் வாழ்ந்த லிடியா பிங்கம் வீட்டு அடுப்பில் காய்ச்சிய மூலிகை மருந்தை அண்டை அயலாருக்குக் கொடுத்து வந்தார். குடும்பம் நொடித்துப்போனதும் 1875 முதல் அதையே புட்டியில் அடைத்து விற்றனர். பெண்களின் உடல்நோவுகளுக்கான மருந்து; அதில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சாராயம். 1879 முதல் லிடியாவின் முகமே விளம்பரத்தில் வந்தது: நரைத்த கூந்தல், கழுத்தில் லேஸ், நேராகப் பார்க்கும் கனிந்த கண்கள். அமெரிக்கச் செய்தித்தாள்களில் அக்காலத்தில் அதிகம் அச்சான பெண் முகங்களில் ஒன்று அது. முகத்துக்குக் கீழே, மருந்து குடித்துக் குணமான பெண்களின் கடிதங்கள் ஊரும் பெயருமாக வெளிவந்தன. உடம்புக்கு என்ன என்று திருமதி பிங்கத்துக்கு எழுதுங்கள், ஆண்கள் கண்ணில் உங்கள் கடிதம் படாது என்று விளம்பரங்கள் உறுதி கூறின. ஆண் மருத்துவரிடம் வாய்திறந்து சொல்ல முடியாததை ஆயிரக்கணக்கான பெண்கள் அந்த முகத்தை நம்பி எழுதினார்கள். அந்த நம்பிக்கை பொய்யானதல்ல. நோவும் மெய், எழுதிய கையும் மெய்.

லிடியா 1883-இல் இறந்துபோனார். விளம்பரங்கள் நிற்கவில்லை. லின் நகர ஆய்வுக்கூடத்தில் அமர்ந்து பெண்களுக்கு அவர் ஆலோசனை சொல்லிக்கொண்டிருப்பதாகவே படித்தவர்கள் எண்ணும்படி அவை தொடர்ந்தன. 1905-இல் 'லேடீஸ் ஹோம் ஜர்னல்' இதழின் ஆசிரியர் எட்வர்ட் போக் அத்தகைய விளம்பரத்தையும் லிடியாவின் கல்லறைக் கல்லின் புகைப்படத்தையும் சேர்த்து வெளியிட்டார். கல்லில் இறந்த ஆண்டு தெளிவாகத் தெரிந்தது. 22 ஆண்டுகளுக்கு முன் இறந்தவருக்குப் பெண்கள் கடிதம் எழுதிக்கொண்டிருந்தனர். விளம்பரத்தில் வரும் திருமதி பிங்கம் லிடியாவின் மருமகள் என்று நிறுவனம் விளக்கம் சொல்லிப் பார்த்தது. அந்த இதழுக்காக விசாரித்த மார்க் சல்லிவன் அதைவிட மோசமான ஒன்றையும் வெளியே கொண்டுவந்தார். இத்தகைய மருந்து நிறுவனங்களுக்குப் பெண்கள் எழுதிய அந்தரங்கக் கடிதங்களை நோய்வாரியாகக் கட்டுக்கட்டாகப் பிரித்து விற்கும் தரகர்கள் இருந்தனர். இன்று ஒருவர் தேடிப் பார்த்த நோயின் பெயர் விளம்பரதாரர் கைக்குப் போவதன் முன்வடிவம் அது. அதே ஆண்டு 'காலியர்ஸ்' வார இதழில் சாமுவேல் ஹாப்கின்ஸ் ஆடம்ஸ் போலி மருந்துகளைப் பற்றிய கட்டுரைத் தொடரைத் தொடங்கினார். அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்களே சாராயம் கலந்த மருந்துக்கு நற்சான்று எழுதிக் கொடுத்திருந்ததை அது காட்டியது. 1906-இல் அமெரிக்காவின் தூய உணவு, மருந்துச் சட்டம் வந்தது. புட்டியின் மேல் என்ன எழுதலாம் என்பதை அது கட்டுப்படுத்தியது. செய்தித்தாளில் யார் என்ன புகழலாம் என்பதை அது தொடவில்லை.

பிரிட்டனில் நாடக நடிகை லில்லி லாங்ட்ரி 1880-களில் பியர்ஸ் சோப்புக்கு நற்சான்று அளித்தது பெரும் பேச்சானது. ஆனால் நட்சத்திர நற்சான்றைத் தொழிற்சாலை அளவுக்கு வளர்த்தது ஜே. வால்டர் தாம்சன் என்ற அமெரிக்க விளம்பர நிறுவனம். 1924-இல் பாண்ட்ஸ் கிரீமுக்காக அவர்கள் அணுகிய முதல் சீமாட்டி, பெண்களின் வாக்குரிமைக்குப் போராடிய அல்வா பெல்மான்ட். தம் பெண்ணுரிமைப் பணிக்கு நன்கொடை கிடைக்கும் என்பதால் அவர் ஒப்புக்கொண்டார். ஆனால் தம் முகப்படத்தைத் தரவில்லை. அடுத்த ஆண்டு ருமேனிய அரசி மரியே அதே கிரீமைப் புகழ்ந்தார். 1928-இல் லக்ஸ் சோப்பின் முறை வந்தது. ஹாலிவுட் நட்சத்திரங்களில் பத்தில் ஒன்பது பேர் லக்ஸ் பயன்படுத்துகிறார்கள் என்ற வாசகம் உலகெங்கும் பரவியது. நடிகைகளுக்குப் பெட்டி பெட்டியாகச் சோப்பு இலவசமாகப் போயிற்று. பெயரையும் படத்தையும் பயன்படுத்தும் உரிமைப் பத்திரத்தில் அவர்கள் கையெழுத்திட்டனர். ஜே. வால்டர் தாம்சன் நிறுவனத்தின் தலைவர் ஸ்டான்லி ரீசர் 1929-இல் எழுதிய கட்டுரையில் இதன் உளவியலை மறைக்காமல் சொன்னார். ரசனையிலும் அறிவிலும் அனுபவத்திலும் தங்களைவிட மேலானவர்கள் என்று கருதுவோரைப் பார்த்து நடப்பது மக்களின் இயல்பு என்பது அவர் கருத்து. தன்னைப் பிறரோடு ஒப்பிட்டுத் தாழ்வாக உணர்வதுதான் இங்கே மூலதனம்.

காசு வாங்கிக்கொண்டு புகழ்ந்தால் அதைச் சொல்லத்தான் வேண்டுமா என்ற கேள்வி அமெரிக்க நீதிமன்றத்துக்குப் போனது. நார்தம் வாரன் என்ற அழகுசாதன நிறுவனம் நடிகைகளுக்குப் பணம் கொடுத்து நற்சான்று வாங்கியதை வெளிப்படுத்த வேண்டும் என்று மத்திய வணிக ஆணையம் உத்தரவிட்டது. 1932-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. சொன்னது உண்மையாக இருந்தால் போதும், பணம் கைமாறியதைச் சொல்லத் தேவையில்லை என்பது தீர்ப்பின் சாரம். நிலைமை மாற அரை நூற்றாண்டு ஆயிற்று. 1980-இல் ஆணையம் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், பொருளாதாரத் தொடர்பு இருந்தால் வெளிப்படுத்த வேண்டும் என்றன. 2009-இல் அவை வலைப்பதிவர்களுக்கும் நீட்டிக்கப்பட்டன.

இந்தியாவில் நற்சான்று விளம்பரத்தோடு சுதேசி உணர்வும் கலந்திருந்தது. விலங்குக் கொழுப்புச் சேராத கோத்ரெஜ் சோப்பைப் பாராட்டிய ரவீந்திரநாத் தாகூர், அதைவிடச் சிறந்த அயல்நாட்டுச் சோப்பு எதையும் தாம் அறியவில்லை என்றார். காசிநாதுனி நாகேஸ்வர ராவ் 1893-இல் பம்பாயில் தொடங்கிய அமிர்தாஞ்சன் நிறுவனம், 1914-இல் சென்னைக்கு இடம்பெயர்ந்தது. தொடக்கத்தில் அதன் மஞ்சள் தைலத்தை அவர் இசைக் கச்சேரிகளுக்கு வந்தவர்களிடையே இலவசமாகக் கொடுத்தார். தடவிப் பார்த்தவர் நாலு பேரிடம் சொன்னார். யாருக்கும் எந்தப் பத்திரத்திலும் கையெழுத்திட வேண்டியிருக்கவில்லை. 1941-இல் நடிகை லீலா சிட்னிஸ் லக்ஸ் விளம்பரத்தில் தோன்றினார். அந்த விளம்பரத்தில் வந்த முதல் இந்திய நடிகை அவர். பிறகு எல்லா மொழி நடிகைகளும் அந்தச் சோப்புக்கு முகம் கொடுத்தனர். ஆனால் ரசிகர் அதை விளம்பரம் என்று அறிந்தே பார்த்தார். பத்திரிகையின் விளம்பரப் பக்கம் கதைப் பக்கத்திலிருந்து பிரிந்தே இருந்தது.

சமூக ஊடகம் அழித்தது அந்த எல்லைக்கோட்டைத்தான். அதில் வருபவர் ஒரே நேரத்தில் அரசியும் பக்கத்து வீட்டுப் பெண்ணும் ஆகிவிடுகிறார். லட்சம் பேர் பின்தொடர்வதால் அவருக்குச் செல்வாக்கு. தன் சமையலறையிலிருந்து நம் ஊர்ப் பேச்சில் பேசுவதால் நெருக்கம். புதுக்கோட்டை மாவட்டத்து வயல்வெளியில் ஒரு தாத்தாவும் பேரன்மாரும் சமைப்பதைக் காட்டிய வில்லேஜ் குக்கிங் சேனல், 2021-இல் 1 கோடி சந்தாதாரர்களைப் பெற்ற முதல் தமிழ் யூடியூப் சேனல் ஆனது. எந்த நட்சத்திரத்தின் துணையும் இல்லாமல் வந்த கூட்டம் அது. இவ்வளவு நம்பிக்கை எங்கே சேர்கிறதோ அங்கே விளம்பரதாரர் தேடி வருவார்.

அந்த நம்பிக்கை எவ்வளவு மலிவாக விலைபோகலாம் என்பதை ஃபயர் விழா உலகுக்குக் காட்டியது. 2016 டிசம்பரில் பிரபல மாடல்களும் இன்ஃப்ளூயன்சர்களும் ஒரே சமயத்தில் வெறும் ஆரஞ்சு நிறச் சதுரம் ஒன்றைத் தங்கள் இன்ஸ்டாகிராமில் பதிவிட்டனர். அதைத் தொடர்ந்து, பஹாமாஸ் தீவுகளில் ஆடம்பர இசை விழா என்று சொல்லி டிக்கெட் விற்பனை நடந்தது. 2017 ஏப்ரலில் போய் இறங்கியவர்கள் கண்டது மழையில் நனைந்த நிவாரணக் கூடாரங்களை. ரொட்டித் துண்டின் மேல் பாலாடைக்கட்டி வைத்த உணவுப்பொட்டலத்தின் படம் உலகெங்கும் சுற்றியது. புகழ்ந்தவர்களில் எவரும் அப்படியொரு விழாவைக் கண்டதில்லை; அது அதுவரை நடந்ததே இல்லை. அமைப்பாளர் பில்லி மெக்ஃபார்லண்டுக்கு மோசடிக் குற்றத்துக்காக 6 ஆண்டு சிறை விதிக்கப்பட்டது. ஒரு பதிவுக்காக 2.5 லட்சம் டாலருக்குக் குறையாமல் பெற்ற கெண்டல் ஜென்னர், திவால் வழக்கில் 90,000 டாலரைத் திருப்பித்தர 2020-இல் ஒப்புக்கொண்டார்.

பணத்தை இழந்தவர்களையாவது எண்ணிவிடலாம். ஒப்பிட்டு ஒப்பிட்டு மனம் நொந்தவர்களை எண்ணுவது கடினம். 2021-இல் வெளியான ஃபேஸ்புக் நிறுவனத்தின் உள் ஆய்வின்படி, தங்கள் உடலைப் பற்றி வருந்திய வளரிளம் பெண்களில் 32 சதவீதம் பேர், இன்ஸ்டாகிராம் அந்த வருத்தத்தைக் கூட்டியதாகச் சொன்னார்கள். பாண்ட்ஸ் விளம்பரத்தில் சீமாட்டியைப் பார்த்த பெண் மாதம் ஒருமுறை பார்த்தார். இன்றைய பள்ளி மாணவி தன் வயதுப் பெண்களின் மெருகேற்றிய படங்களை நாள் முழுவதும் பார்க்கிறாள். நார்வே இதற்கென்றே சட்டம் இயற்றியது. உடலின் வடிவையோ அளவையோ தோலையோ மாற்றிய விளம்பரப் படத்தில் மாற்றியிருப்பதைக் குறிப்பிட வேண்டும் என்ற அந்த விதி, 2022 ஜூலை முதல் இன்ஃப்ளூயன்சர்களுக்கும் பொருந்துகிறது.

இந்திய விளம்பரத் தர மன்றத்தின் இன்ஃப்ளூயன்சர் நெறிமுறைகள் 2021 ஜூனில் நடைமுறைக்கு வந்தன. அந்த மன்றம் தொழில்துறையே அமைத்துக்கொண்ட அமைப்பு. தண்டிக்கும் அதிகாரம் அதற்கு இல்லை. அந்த அதிகாரம் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் வழியே மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு வந்தது. தவறாக வழிநடத்தும் விளம்பரத்தைப் பரிந்துரைப்பவருக்கு 10 லட்சம் ரூபாய் வரையும், மீண்டும் செய்தால் 50 லட்சம் ரூபாய் வரையும் தண்டத்தொகை விதிக்கலாம். முதல் முறை ஓராண்டு வரையும் பின்னர் மூன்றாண்டு வரையும் பரிந்துரை செய்யவே தடை போடலாம். வருமான வரிச் சட்டமும் 2022 ஜூலையில் உள்ளே வந்தது. இலவசமாகக் கிடைத்த கைபேசியை இன்ஃப்ளூயன்சர் தாமே வைத்துக்கொண்டால் அது அவர் பெற்ற ஆதாயம். ஆண்டுக்கு 20,000 ரூபாயைத் தாண்டிய ஆதாயத்துக்கு 10 சதவீத வரிப் பிடித்தம் உண்டு.

2023-இல் நடந்த மாற்றமே இவற்றுள் முக்கியமானது. உடல்நலம், நிதி ஆகிய துறைகளில் ஆலோசனை சொல்லும் இன்ஃப்ளூயன்சர் அதற்குரிய தகுதியைக் காட்ட வேண்டும் என்று விதிகள் கேட்கத் தொடங்கின. அதுவரை சட்டம் முக்கியமாகக் கேட்டது பணம் வாங்கினாயா என்பதையே. பேசும் பொருளில் உனக்குத் தகுதி உண்டா என்று இப்போதுதான் கேட்கிறது. சோப்புக்கும் புடவைக்கும் முகப்பூச்சுக்கும் இந்தக் கேள்வி இன்னும் இல்லை, இருக்க வேண்டும்.

மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டியின்படி, பரிந்துரை எந்த மொழியில் இருக்கிறதோ அந்த மொழியிலேயே அது விளம்பரம் என்ற அறிவிப்பும் இருக்க வேண்டும். தமிழ் வீடியோவின் கீழே ஆங்கில ஹேஷ்டேக் கூட்டத்துக்குள் அதை ஒளித்துவைப்பது விதிமீறல். வீடியோ என்றால் படத்திலும் பேச்சிலும் சொல்ல வேண்டும்; நேரலை என்றால் தொடர்ந்து திரையில் தெரிய வேண்டும். அப்படித் தெரியாத பதிவைக் கண்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். மாவட்ட ஆட்சியரிடமும் எழுத்துமூலம் புகார் கொடுக்கலாம்.