கொம்புச்சந்தியும் கணினிக் களமும்
சீனத்து வோர்கிராப்ட் போட்டி மரபு பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

மட்டக்களப்பிலிருந்து கல்முனை நோக்கித் தெற்கே செல்லும் பெருந்தெருவில், களுதாவளைக்கு வடக்கே அமைந்த ஊர் தேற்றாத்தீவு. கிழக்கே கடலும் மேற்கே வாவியும் சூழ்ந்த இவ்வூரிற் கோயில்கொண்டுள்ள பிள்ளையார், கொம்புச்சந்திப் பிள்ளையார் என வழங்கப்படுகின்றார். கொம்பு விளையாட்டு நிகழ்ந்த சந்தி என்பதே அப்பெயரின் பொருள் எனக் கொள்வர். ஊரவர் நாள்தோறும் உச்சரிக்கும் இப்பெயர் வரலாற்று மாணவனுக்கு ஒரு வினாவை எழுப்புகின்றது. விளையாட்டு மறைந்த பின்னரும் அதன் பெயர் மட்டும் நிலைத்து நிற்பது ஏன்?

கொம்பு விளையாட்டு மட்டக்களப்புத் தமிழரின் கண்ணகி வழிபாட்டோடு பின்னிப் பிணைந்தது. ஊரவர் வடசேரி, தென்சேரி என இரு சாராராகப் பிரிவர். வளைந்த கொம்புகள் இரண்டனை ஒன்றோடொன்று கொளுவி, வடம் பூட்டி, இரு சாராரும் இழுப்பர். எவர் கொம்பு முறிகின்றதோ அவர் தோற்றவராவர். வென்றவர் பாடி ஆர்ப்பரிப்பர். சிங்கள மக்களிடையே பத்தினி வழிபாட்டோடு தொடர்புற்று வழங்கிய 'அங்கெலிய' இதன் உடன்பிறப்பே. பண்டிதர் வீ. சீ. கந்தையா தமது 'மட்டக்களப்புத் தமிழகம்' என்னும் நூலில் (1964) இவ்விளையாட்டை விரித்துரைத்துள்ளார். அவ்வாறு எழுதி வைத்தோர் சிலர் இருந்தமையாலேயே விளையாட்டின் அமைப்பை நாம் அறிகின்றோம். ஆயின் எந்த ஆண்டில் எச்சேரி வென்றது, கொம்பு தேர்வதில் எவர் வல்லவராயிருந்தார், தோற்ற சேரி அடுத்த முறை எவ்வுபாயத்தைக் கைக்கொண்டது என்பனவற்றைப் பெரும்பாலும் அறியோம். விளையாட்டின் விதி எஞ்சியது. விளையாடியோரின் வரலாறு எஞ்சவில்லை.

இக்குறையை மனத்திருத்தி நம் காலத்து விளையாட்டொன்றை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். கணினித் திரையில் ஆடப்படும் தந்திரோபாய விளையாட்டை ஆராய்ச்சிக்குரிய பொருளாகக் கொள்வது சிலருக்கு நகைப்பைத் தரலாம். எனினும் சீன நாட்டில் 'வோர்கிராப்ட் 3' என்னும் விளையாட்டு அடைந்த வளர்ச்சி, அரசு, குடும்பம், வணிகம், இளைஞர் ஆகிய நான்கு சக்திகளின் முரண்பாட்டைத் துலக்கமாகக் காட்டுவதொன்றாகும். சீனத்தில் இரவு ஏழரை மணிக்குத் தொடங்கும் போட்டியை மாலை ஐந்து மணிக்கு நம்மூரில் இருந்தவாறே கைத்தொலைபேசியிற் காணக்கூடிய காலம் இது. ஆகவே அவ்வரலாறு நமக்கு முற்றிலும் அந்நியமானதன்று.

விளையாட்டின் இயல்பை முதலில் அறிதல் வேண்டும். அமெரிக்காவின் கலிபோர்னியாவைச் சேர்ந்த பிளிசார்ட் நிறுவனம் 2002 யூலையில் இதனை வெளியிட்டது. அடுத்த ஆண்டு யூலையில் அதன் விரிவாக்கம் வெளிவந்தது. மனிதர், ஓர்க்குகள், இரவு எல்ஃபுகள், இறவாதோர் என நான்கு இனங்களுள் ஒன்றை ஒவ்வொருவரும் தெரிவுசெய்வர். சதுரங்கத்தைப் போல ஒருவர் நகர்த்த மற்றவர் காத்திருப்பதில்லை. இருவரும் ஒரே வேளையில் இயங்குவர். எதிரியின் நகர்வு இருளால் மறைக்கப்பட்டிருக்கும். ஒற்றனுப்பியே அறிதல் வேண்டும். பொன்னும் மரமும் ஈட்டி, கட்டடம் எழுப்பி, படை திரட்டி, மூவர் வரையிலான வீரத் தலைவர்களை வளர்த்துப் போரிடுதல் வேண்டும்.

இதன் பொருளியல் நுட்பமானது. படையின் உணவுத் தேவை 50 அலகைத் தாண்டாதவரை, சுரங்கத்திலிருந்து தொழிலாளி கொண்டுவரும் 10 பொன்னும் முழுமையாகக் கருவூலத்தைச் சேரும். 50ஐத் தாண்டின் 7 பொன்னே சேரும். 80ஐத் தாண்டின் 4 பொன்னே எஞ்சும். பெரும்படை வைத்திருப்பவன் வறியவனாவான். சிறுபடையோடு செல்வம் சேர்ப்பவன் திடீர்த் தாக்குதலுக்கு இரையாவான். பேரரசுகளின் வீழ்ச்சியைப் பயிலும் மாணவனுக்கு இந்நெருக்கடி புதிதன்று. இத்தகைய முடிவுகளை வினாடிதோறும் எடுக்கவேண்டியிருத்தலே இவ்விளையாட்டின் கடுமையாகும்.

இனிச் சீனத்தின் நிலையை நோக்குவோம். தந்திரோபாய விளையாட்டைச் சீன நாகரிகம் இழிவாகக் கருதியதில்லை. யாழ், எழுத்தணி, ஓவியம் ஆகியவற்றோடு 'வெய்ச்சி' எனப்படும் கல்லாட்டமும் கற்றோர்க்குரிய நான்கு கலைகளுள் ஒன்றாக அங்குப் போற்றப்பட்டது. ஆயின் அதே சமூகம் கணினி விளையாட்டை நஞ்செனக் கண்டது. 2000ஆம் ஆண்டளவில் அதனை 'மின் ஹெரோயின்' எனப் பழிக்கும் வழக்கு இதழ்களில் தோன்றியது. அவ்வாண்டு யூனில், தொலைக்காட்சியோடு இணைத்து ஆடும் விளையாட்டுக் கருவிகளின் உற்பத்தியும் விற்பனையும் தடைசெய்யப்பட்டன. தடைக்குட்படாத கணினியும், மணிக்கணக்கிற் கட்டணம் பெறும் இணையக் கடைகளுமே இளைஞரின் புகலிடமாயின. வீட்டிற் கணினி வாங்க இயலாத குடும்பத்துப் பிள்ளைகளுக்கு அக்கடைகளே களரியாயின எனலாம்.

பெற்றோரின் அச்சம் முற்றிலும் ஆதாரமற்றதெனக் கூறுதல் நேர்மையாகாது. 2002 யூன் 16ஆம் நாள் பெய்ஜிங்கின் ஹைதியன் பகுதியில் உரிமம் பெறாத இணையக் கடையொன்று தீக்கிரையாகி 25 பேர் மாண்டனர். கடையினுள் அனுமதிக்கப்படாத சிறுவர்களே தீயிட்டனர் எனக் கண்டறியப்பட்டது. மாண்டோருட் பலர் மாணவர். இதன்பின் நாடெங்கும் இணையக் கடைகள் கடுமையான கட்டுப்பாட்டுக்கு உள்ளாயின. வோர்கிராப்ட் 3 வெளிவந்தது அடுத்த மாதமே என்பது மனங்கொள்ளத்தக்கது. இவ்விளையாட்டின் சீன வரலாறு துயரின் நிழலிலும் ஐயத்தின் நடுவிலுமே தொடங்கிற்று.

அரசின் நிலைப்பாடும் ஒருமுகமானதன்று. 2003 நவம்பரில் அரச விளையாட்டுத்துறைத் தலைமையகம் மின்னணு விளையாட்டுப் போட்டியை நாட்டின் 99ஆவது விளையாட்டாக ஏற்றுக்கொண்டது. ஐந்து மாதங்கள் கழித்து, 2004 ஏப்பிரலில், ஒலி ஒளிபரப்புத்துறைத் தலைமையகம் கணினி விளையாட்டு நிகழ்ச்சிகளைத் தொலைக்காட்சியில் ஒளிபரப்புவதைத் தடைசெய்தது. ஒரு துறை வீரன் என்று ஏற்றவனை மற்றொரு துறை மக்கள் கண்ணிற் படாது மறைத்தது. அரசு என்பது ஒரே குரலிற் பேசும் ஒற்றை உருவமன்று என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இம்முரண்பாட்டினிடையே தோன்றியவரே லீ சியாஃபெங். ஹெனான் மாகாணத்து ரூசோ என்னும் சிறு நகரைச் சேர்ந்த இவர் 'ஸ்கை' என்னும் களப்பெயரால் அறியப்பட்டார். மனித இனத்தைத் தெரிவுசெய்து ஆடியவர். 2005இல் சிங்கப்பூரில் நடைபெற்ற உலகக் கணினி விளையாட்டுப் போட்டியில் வோர்கிராப்ட் பிரிவில் முதலிடம் பெற்றார். அடுத்த ஆண்டு இத்தாலியின் மொன்சா நகரில் அப்பட்டத்தைத் தக்கவைத்துக்கொண்டார். 2007இல் சியற்றிலில் இறுதியாட்டம் வரை சென்று, நோர்வே நாட்டுக் 'கிரியோலோபஸ்' என்பாரிடம் தோற்றார். தொலைக்காட்சி காட்டாத வெற்றிகளாயினும் இணையவழி அவை நாடெங்கும் பரவின. தேசியக் கொடியைப் போர்த்தி மேடையில் நின்ற இளைஞனை 'மின் ஹெரோயினின்' அடிமையெனப் பழித்தல் இனி எளிதன்று.

ஸ்கையின் ஆட்டத்தைத் தென்கொரியாவின் 'மூன்' எனப்பட்ட ஜாங் ஜே-ஹோவின் ஆட்டத்தோடு ஒப்பிடுவர். எவரும் எதிர்பாராத உபாயங்களைக் கையாண்டமையால் மூன், விளையாட்டிலுள்ள நான்கு இனங்களுக்கு அப்பாற்பட்ட 'ஐந்தாம் இனம்' எனப் புகழப்பட்டார். ஸ்கையோ பயின்ற உபாயங்களைப் பிழையின்றித் திரும்பத் திரும்ப நிறைவேற்றும் ஒழுங்கினாற் பெயர்பெற்றவர். ஒல்லாந்து நாட்டுக் 'கிரபி' ஓர்க் இனத்தவரைக் கொண்டு ஆடிப் புகழீட்டினார். 2009இல் செங்டு நகரில் உலகப் போட்டி நடைபெற்றபோது முதலிடம் 'இன்ஃபி' என்னும் சீனருக்கும், இரண்டாமிடம் 'ஃபிளை' எனச் சுருங்க அழைக்கப்படும் மற்றொரு சீனருக்கும் உரியதாயிற்று. தனியொருவரின் சாதனை ஒரு மரபாக மாறியமையை இது காட்டுகின்றது.

ஆயினும் விளையாட்டின் வீழ்ச்சி அதன் உள்ளிருந்தே தோன்றிற்று. வோர்கிராப்ட்டின் வரைபட ஆக்கக் கருவியைக் கொண்டு ஆர்வலர் படைத்த 'டோட்டா', ஐவர் ஐவரை எதிர்க்கும் புதியதொரு வகைமையைத் தோற்றுவித்தது. இளைஞரும் முதலீடும் அவ்வழி சென்றனர். உலகக் கணினி விளையாட்டுப் போட்டித் தொடர் 2013இல் குன்ஷான் நகரில் நடைபெற்றபின் சில ஆண்டுகள் இடைநின்றது. ஸ்கை 2015இல் ஓய்வுபெற்றுக் கணினிக் கருவி வணிகத்தில் ஈடுபட்டார். 2020 சனவரியில் நிறுவனம் வெளியிட்ட புதுப்பித்த பதிப்பு ஆர்வலரின் ஏமாற்றத்துக்கே உள்ளாயிற்று. 2023 சனவரியில் நிறுவனத்துக்கும் அதன் சீனப் பங்காளிக்கும் இடையிலான உடன்படிக்கை முடிவுற்றது. அது 2024இலேயே புதுப்பிக்கப்பட்டது.

இத்தனைக்கும் பின்னர் இவ்விளையாட்டு சீனத்தில் மறைந்ததா எனின், இல்லை. 2005இல் இணையக் கடையில் நாணயம் எண்ணி அமர்ந்த சிறுவர் இன்று உழைத்துச் சம்பாதிக்கும் நடுவயதினர். அவர்களே நேரடி ஒளிபரப்புகளைக் காண்கின்றனர். போட்டிகள் நடைபெறத் துணைநிற்கின்றனர். பழைய பெயர்கள் மீண்டும் களத்தில் எதிரெதிரே அமர்கின்றன. ஒரு விளையாட்டின் ஆயுளை நிர்ணயிப்பது அதனை ஆக்கியோரல்லர், அதனை அனுமதிக்கும் அரசுமன்று. அதற்கெனக் கூடும் மக்களே என்பது இதனாற் பெறப்படும்.

2023இல் ஹங்சோவில் நடைபெற்ற ஆசிய விளையாட்டு விழாவிற் கணினி விளையாட்டுக்கும் பதக்கங்கள் வழங்கப்பட்டன. வோர்கிராப்ட்டின் வழித்தோன்றலான 'டோட்டா 2'இற் சீனமே தங்கம் வென்றது. ஆனால் அதே சீனத்தில், 2021ஆம் ஆண்டின் ஆணைப்படி, 18 வயதுக்குட்பட்டோர் வெள்ளி, சனி, ஞாயிறு, விடுமுறை நாட்களில் இரவு எட்டு முதல் ஒன்பது மணிவரை மட்டுமே இணைய விளையாட்டு ஆடலாம். பதக்கத்தைப் போற்றும் அரசு, பயிற்சியை அஞ்சுகின்றது. இருபதாண்டு முரண்பாடு தீர்ந்தபாடில்லை.

நம் சமூகமும் இத்தகைய முரண்பாட்டுக்கு விலக்கன்று. 2024 டிசெம்பரிற் சென்னையைச் சேர்ந்த 18 வயது குகேஷ், சீனத்து டிங் லிரெனை வென்று உலகச் சதுரங்கப் பட்டம் சூடியபோது தமிழுலகம் பெருமிதங்கொண்டது. அப்போட்டி நடைபெற்ற இடமும் சிங்கப்பூரே. ஸ்கை முதன்முதலில் வென்ற அதே நகர். சதுரங்கப் பலகைமுன் அமர்ந்த பிள்ளையை அறிவாளி என்போம்; கணினித் திரைமுன் அமர்ந்த பிள்ளையைக் கெட்டழிந்தவன் என்போம். இரண்டும் ஒன்றென்பது எமது வாதமன்று. காலத்தை விழுங்கும் ஆற்றல் இரண்டாவதற்கு மிகுதி. வென்ற ஒருவருக்குப் பின்னாற் பெயரறியப்படாது தோற்றோர் பலர் உளர் என்பதையும் மறத்தலாகாது. ஆனால் இகழ்ச்சி ஆராய்ச்சிக்கு ஈடாகாது. எதனை ஆடுகின்றான், அதில் எதனைக் கற்கின்றான், எதனை இழக்கின்றான் எனக் கேட்டறிந்த பின்னரே தீர்ப்புக் கூறுதல் முறை.

கொம்புச்சந்தியில் வடம்பிடித்த இளைஞரையும், வேலையைப் போக்கி விளையாடித் திரிவோர் என அக்காலத்து மூத்தோர் சிலரேனும் கடிந்திருத்தல் கூடும். அக்கடிதலும் எழுதப்படவில்லை, அவ்விளைஞரின் திறனும் எழுதப்படவில்லை. எஞ்சியது ஒரு பெயரே. ரூசோ நகரத்து இளைஞனுக்கு வரலாறு வாய்த்தமைக்குக் காரணம், அவன் ஆடிய ஆட்டங்களைப் பதிந்து வைத்தோர் இருந்தமையே. நம்மூர்களில் கொம்பு இழுத்தும் போர்த்தேங்காய் அடித்தும் நாயும் புலியும் ஆடியும் வாழ்ந்த மூத்தோர் இன்றும் சிலர் உளர். அவர்தம் நினைவுகளைக் கேட்டெழுதுவது பல்கலைக்கழக மாணவர்க்கு அரியதொரு செயலன்று. ஒரு விடுமுறைக்காலமும் ஒரு குறிப்பேடும் போதும். காலம் தாழ்த்தின், சந்தியின் பெயரைத் தவிர வேறொன்றும் எஞ்சாது.